பிள்ளை பெற்றவள் வீட்டு ஆரோக்கிய அதிகாரி

மான், அணில், நடுரோட்டில் நின்று முறைக்கும் வாத்து, இவற்றோடு அமெரிக்காவின் குளிர் மாநிலமான எங்கள் மினசோட்டாவில் பெருகிவரும் இன்னொரு ஜீவராசியையும் நீங்கள் அறிந்துகொள்ள வேண்டும். அதற்கு ஆரோக்கிய அதிகாரி என்று பெயர். யாரும் நியமிக்கவில்லை. சம்பளம் கிடையாது. ஆகவே வேலையைவிட்டு நீக்கவும் முடியாது.

அடையாளம் சொல்கிறேன். வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும், மனசு தங்கம், கையில் கைப்பிடியும் உறிஞ்சுகுழலும் வைத்த ஓர் எஃகுக் குவளை இருக்கும், அதில் ஒரு கன்றுக்குட்டியைக் குளிப்பாட்டலாம். மணிக்கட்டில் ஒரு கடிகாரம், அது நேரத்தைத் தவிர மற்றதையெல்லாம் சொல்லும். கடையில் நீங்கள் ரொட்டி வாங்க நிற்கும்போது பின்னாலிருந்து ஒரு கை நீண்டு பொட்டலத்தைத் திருப்பிப் பார்த்து, "அய்யய்யோ, இவ்ளோ சர்க்கரையா!" என்று பெருமூச்சு விட்டால், அது அவள்தான். "எப்படி இருக்கே?" என்று கேட்கமாட்டாள். "இன்னைக்குத் தண்ணி குடிச்சியா?" என்பாள். அவள் அகராதியில் சாப்பாடு என்று ஒரு பொருளே இல்லை. முட்டை, புரதம். கீரை, இரும்பு. மீன், நல்ல கொழுப்பு. சாக்லேட்? அது மனக்கட்டுப்பாடு இல்லாமை.

அவள் சொல்வதெல்லாம் தப்பா என்று கேட்பீர்கள். தப்பாக இருந்தால்தான் தொல்லையில்லையே! பாதிக்குமேல் சரி. தண்ணீர் குடிக்கத்தான் வேண்டும், கீரை நல்லதுதான், நடந்தால் மனசு தெளியத்தான் செய்யும். ஆனால் சரியான ஒன்றை ஒரு மனுஷி காலை பத்து மணிக்குள் எத்தனை தடவை கேட்கமுடியும்?

ஊரில் ஒரு பெண்ணுக்குக் குழந்தை பிறந்துவிட்டால் போதும், ஆரோக்கிய அதிகாரிக்கு அது திருவிழா. மற்ற நாளில் அவளைக் கண்டு ஓடுகிறவர்கள் ஓடலாம். பிள்ளை பெற்றவளால் ஓடமுடியாது.

எங்கள் தெரு டார்லாவை எடுத்துக்கொள்ளுங்கள். இவள் தன் மகன் டெரிக்கை வளர்த்தது டப்பா மக்ரோனியிலும் ஆரஞ்சு சோடாவிலும். அவன் ஆறடி மூன்று அங்குலம் வளர்ந்து, தனியாளாய் ஃப்ரிட்ஜைத் தூக்குகிறான். இதைச் சொல்லிக்காட்டினால், "அவன் தப்பிச்சது என் பிரார்த்தனை" என்பாள். டெரிக் கல்லூரிக்குப் போன பிறகுதான் டார்லாவுக்கு ஞானம் வந்தது. வந்த ஞானத்தைச் செலுத்த வீட்டில் ஆளில்லை. தெரு இருக்கிறதே!

பிப்ரவரியில் பிரிட்டாவுக்குப் பெண் பிறந்தது. ரூபி என்று பெயர் வைத்தார்கள். பிரிட்டாவின் கணவன் நீல்ஸ் நெடுஞ்சாலையில் பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறவன். பிப்ரவரியில் அவனை வீட்டில் பார்ப்பது அபூர்வம். வழக்கம்போல் எங்கள் தேவாலயத்துப் பெண்கள் முறை போட்டுக்கொண்டு ஆளுக்கு ஒருநாள் இரவுச் சாப்பாடு கொண்டுபோனோம். மணி அடிக்கக்கூடாது, குழந்தை எழுந்துவிடும். வாசல்படியில் ஓர் ஐஸ் பெட்டி இருக்கும், அதில் வைத்துவிட்டுச் சத்தமில்லாமல் திரும்பிவிடவேண்டும். ஐஸ் பெட்டி எதற்கு என்றால், சாப்பாடு ஐஸாகிவிடாமல் இருக்க.

முதல் முறை டார்லாவுடையது. எலும்பு சூப் கொண்டுபோனாள். உப்பு கூடாது, ஆகவே இல்லை. வெங்காயம் வாயு, ஆகவே இல்லை. மாட்டெலும்பை ஒரு முழுநாள் கொதிக்க வைத்த தண்ணீர், எலும்புக்கே அலுத்துப்போயிருக்கும். கூடவே ஓட்ஸும் ஆளிவிதையும் சேர்த்துப் பிடித்த உருண்டைகள், பால் ஊறுவதற்காம். அதை வைத்து ஹாக்கி ஆடலாம்.

இங்கேதான் பிரிட்டா எங்கள் ஊர்க்காரர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பைச் செய்தாள். நன்றி சொன்னாள். சும்மா சொல்லவில்லை, "ரொம்ப இதமா இருந்துச்சு டார்லா, இதுவே எனக்குப் போதும்" என்றாள். நாங்கள் அப்படித்தான். பனியில் சிக்கிய அந்நியன் வண்டியைத் தள்ள முழங்கால் ஆழத்தில் இறங்குவோம். கொடுத்த சாப்பாடு வாயில் வைக்க விளங்கவில்லை என்று சொல்ல மட்டும் எங்களுக்குத் தைரியம் கிடையாது. டார்லாவும் இதே ஊரில் பிறந்தவள்தான், அவளுக்கும் இது தெரியும். ஆனால் பாராட்டு என்று வந்துவிட்டால் எந்த ஊர்க்காரிக்கு ஊர் வழக்கம் நினைவிருக்கிறது? அன்று மாலையே எல்லோருக்கும் செய்தி அனுப்பிவிட்டாள்: பிரிட்டாவுக்கு எலும்பு சூப் மட்டும்தான் ஒத்துக்கொள்கிறது, பால் வேண்டாம், சீஸ் வேண்டாம், மாவு வேண்டாம்.

பெண்களும் விட்டது தொல்லை என்று எலும்பை அடுப்பில் ஏற்றினார்கள்.

என் முறை வந்தபோது நான் அந்தச் செய்தியைப் படித்தும் படிக்காதவளாகிவிட்டேன். மாட்டுக்கறி, பீன்ஸ், டப்பாக் காளான் சூப் எல்லாம் கலந்து, மேலே உருளைக்கிழங்கு உருண்டைகளை வரிசையாய் அடுக்கி, ஓவனில் முறுகச் சுட்டு, மத்தியானமே எடுத்துப்போனேன். எங்கள் பக்கத்தில் கல்யாணம், சாவு, பனிப்புயல் எல்லாவற்றுக்கும் அதுதான். ஹாட் டிஷ் என்போம். வாசல்படியில் ஐஸ் பெட்டியைத் திறந்தால் வைக்க இடமில்லை. வரிசையாய் ஜாடிகள், பழுப்புத் தண்ணீர். சரி என்று கதவை லேசாகத் தட்டினேன்.

பிரிட்டா ஒரு தோளில் ரூபியும் மறு கையில் உலர்ந்த பிஸ்கட்டுமாய் நின்றாள். தலைமுடியில் பிஸ்கட் தூள்.

"கையில என்ன அது?" என்றாள், என் முகத்தைப் பார்க்காமல்.

"ஹாட் டிஷ்."

"சீஸ் போட்டிருக்கா?"

"ரெண்டு பங்கு."

அவள் கண்ணில் நீர் முட்டியது. "ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்த நாளா சூடா ஒரு வேளை சாப்பிடலங்க. கீழ விட்டா அழறா. தூக்கிக்கிட்டா என்னால முள்கரண்டியப் புடிக்க முடியல. சூப்ப ஒரு கையால குடிச்சிடலாம்தான், ஆனா அதக் குடிச்சிட்டு... நான் மரியாதையா வளர்ந்த பொண்ணு, அதச் சொல்ல மாட்டேன்."

"நீ உக்காரு. நான் புள்ளைய வாங்கிக்கறேன்" என்று தட்டை எடுத்து வைத்தேன். ஒரு பெரிய கரண்டி ஹாட் டிஷ் தட்டில் விழுந்தது, சீஸ் நூல் நூலாய் இழுத்துக்கொண்டு வந்தது. அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்தது. தட்டவில்லை. திறந்தது.

"அஞ்சே நிமிஷம்தான் இருப்பேன்!" என்று டார்லா கோட்டைக் கழற்றினாள். அஞ்சு நிமிஷம் இருக்கிறவள் கோட்டைக் கழற்றுவாளா, நீங்களே சொல்லுங்கள். குவளையை மேஜையில் வைத்தாள். மூக்கு விடைத்தது.

"இதென்ன வாசனை? பிரிட்டா கண்ணு, டப்பா சூப்பா இது?"

"நான் கொண்டாந்தேன்" என்றேன்.

"ஏம்மா, உனக்கு விவரமே தெரியாதா? எவ்ளோ உப்பு! சீஸ் வேற! குழந்தைக்கு வயிறு உப்பிடும்."

"அவ வயிறு ஒட்டிப்போச்சே, அதுக்கு என்ன பண்ண?"

"பசின்னு தோணும், அது நிஜப் பசியில்ல, தாகம். ஒரு கட்டுரையில படிச்சேன். உன் உடம்பு என்ன சொல்லுதுன்னு கேளு கண்ணு."

"உடம்பு ஹாட் டிஷ்ஷுன்னு சொல்லுது டார்லா" என்றாள் பிரிட்டா, சின்னக் குரலில்.

"அது உடம்பு இல்ல, பழக்கம்" என்று தட்டை அடுப்போரம் தள்ளிவைத்தாள் டார்லா. தூங்கத் தொடங்கியிருந்த ரூபியைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். "இன்னொண்ணு ஞாபகம் வச்சுக்கோ. நெஞ்சோட ஒட்டித் தூங்கற புள்ளைய மட்டும் அசைக்கவே கூடாது. மூளை வளர்ற நேரம் அது. தானா எந்திரிக்கிற வரைக்கும் சிலை மாதிரி உக்காந்திரு. தாய்க்கும் அது தியானம்தான்."

நான் கையைத் துடைத்துக்கொண்டு குழந்தையை வாங்க நீட்டினேன். பிரிட்டா என்னைத் தாண்டிப் போனாள். ஜன்னலோரம் கிடந்த ஆழமான சாய்வு நாற்காலியைக் காட்டி, "டார்லா, நீங்க எவ்ளோ விஷயம் தெரிஞ்சவங்க, எப்படிப் பிடிக்கணும்னு ஒரு தடவ காட்டுங்களேன்" என்றாள். இப்படி அழைத்தால் எந்த அதிகாரி மறுப்பாள்? டார்லா உட்கார்ந்தாள், நாற்காலி அவளை விழுங்கியது, ரூபி அவள் நெஞ்சில் கன்னத்தை அழுத்தி, ஒரு பெருமூச்சு விட்டு, கல்லாய்த் தூங்கிப்போனாள்.

பிரிட்டா தட்டை எடுத்தாள். டார்லாவுக்கு நேரெதிரே உட்கார்ந்தாள். சாப்பிட்டாள்.

சாப்பிட்டாள் என்று ஒரு வார்த்தையில் முடிக்க எனக்கு மனசு வரவில்லை. இரண்டு கையாலும் சாப்பிட்டாள், முறுகலைக் கடிக்கும் சத்தத்தைக் கண்மூடிக் கேட்டுக்கொண்டு சாப்பிட்டாள், நாக்கைச் சுட்டுக்கொண்டு சிரித்தாள், தட்டோரத்து சீஸை விரலால் வழித்தாள், மறுபடி போட்டுக்கொண்டாள். டார்லா வாயைத் திறக்கும்போதெல்லாம் பிரிட்டா உதட்டில் விரலை வைத்தாள்.

"உஷ்... மூளை வளருது."

பிறகு சோஃபாவில் சாய்ந்தாள். அடுத்த நிமிஷம் வாய் திறந்து குறட்டை. நான் தட்டு கழுவத் தொடங்கினேன்.

"ஏய்!" டார்லா கிசுகிசுத்தாள். "என் தண்ணிக் குவளைய எடு."

"எட்டாதா?"

"எப்படி எட்டும்? சரி, வேணாம் வேணாம். காலையிலேர்ந்து குடிச்சதே இப்ப... பாத்ரூம் போகணும் எனக்கு."

"தியானம் பண்ணு."

அவள் மணிக்கட்டில் கடிகாரம் அதிர்ந்தது. எழுந்து நடக்கச் சொல்கிறது போலும். கொஞ்ச நேரத்தில் மறுபடி அதிர்ந்தது. மூன்றாவது முறை அவள் வயிறும் சேர்ந்து சத்தம் போட்டது. டார்லா மத்தியானம்வரை பல்லில் பச்சைத்தண்ணீர் தவிர எதுவும் படவிடாதவள், அந்த மத்தியானம் எப்போதோ போய்விட்டிருந்தது.

"அது... ஆறிடுச்சா?" என்றாள், ஹாட் டிஷ் பக்கம் பார்க்காமல்.

"எது, டப்பா சூப்பா?"

"உருளைக்கிழங்கு மட்டும் ஒரு துண்டு. பொட்டாசியத்துக்காக."

நான் ஊட்டிவிட்டேன். பொட்டாசியம், பிறகு புரதம், பிறகு சுண்ணாம்புச் சத்துக்காகக் கொஞ்சம் சீஸ். பாத்திரத்தின் ஒரு மூலை காலியாகும்வரை அவளுக்கு என்னென்னவோ குறைபாடுகள் இருந்தன. ரூபி எழுந்தபோது வெளியே தெருவிளக்கு எரிய ஆரம்பித்திருந்தது. டார்லா குளியலறைக்கு ஓடின வேகத்தை அந்தக் கடிகாரம் உடற்பயிற்சிக் கணக்கில் சேர்த்திருக்கும். பிரிட்டா எழுந்து குழந்தையை வாங்கிக்கொண்டாள். முகத்தில் ரத்தம் திரும்பியிருந்தது.

டார்லா திருந்தினாளா என்று கேட்கிறீர்களா? இந்த ஜீவராசி திருந்தாது, கட்சி மாறும். மறுநாள் காலை எல்லோருக்கும் செய்தி வந்தது: பிள்ளை பெற்றவளுக்குத் தேவை சூடான, கனமான சாப்பாடும் பகல் தூக்கமும்தான், இதை நான் நேரில் ஆராய்ந்து கண்டுபிடித்தேன், ஹாட் டிஷ்ஷில் பொட்டாசியம் இருக்கிறது. இப்போது தினமும் போகிறாள், குழந்தையை வாங்கிக்கொள்கிறாள். பிரிட்டா சாப்பிடுகிறாள். சாப்பிடும்போது டார்லா பேசிக்கொண்டேதான் இருக்கிறாள். ஆனால் வாயில் சீஸ் இருக்கும்போது அறிவுரை அவ்வளவாக உறைப்பதில்லை என்கிறாள் பிரிட்டா.

சரி, இவ்வளவு தூரம் படித்துவிட்டீர்கள். உங்களுக்கு ஒரு முகம் நினைவுக்கு வந்திருக்குமே? நாத்தனாரோ, அடுத்த வீட்டுக்காரியோ, அலுவலகத்தில் பக்கத்து மேஜைக்காரியோ? நன்றாய்ச் சிரித்திருப்பீர்கள். இதை அவளுக்கு உடனே அனுப்பவேண்டும், அவள் அவசியம் படிக்கவேண்டும், படித்தால் கொஞ்சமாவது மாறுவாள், எல்லாம் அவள் நல்லதுக்குத்தானே சொல்கிறோம் என்று விரல் துடிக்கிறதா?

துடிக்கிறதா, இல்லையா? உண்மையைச் சொல்லுங்கள்.