பரணில் தொங்கும் இத்தாலி சைக்கிள் எங்களுக்கே பாத்தியப்பட்டது

இராஜபாளையம்
ஆவணி மாதம், 1991

அன்புள்ள தம்பி வைகுண்டராஜுக்கு அக்கா செல்லக்கனி எழுதிக்கொண்டது. இங்கே நானும் பசுமாடும் சுகம். தூத்துக்குடியில் நீயும் பிள்ளைகளும் சுகமாக இருக்க அய்யனார் துணை. உன் வீட்டுக்காரி தங்கபாயையும் விசாரித்ததாகச் சொல். போன கோயில் கொடைக்கு வந்தவள் என் கையால் ஒரு வாய் காப்பி குடிக்காமல் போனாள். அதை நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை.

கடுதாசி கண்டதும் நீ பஸ் ஏறி, வருகிற ஞாயிற்றுக்கிழமைக்குள் இங்கே வந்து ஒரு சாட்சி சொல்ல வேண்டும். நம் பரணில் தொங்குகிற இத்தாலி ரேஸ் சைக்கிள் பிரேம், பாகப்பிரிவினைக்குப் பொறவு வந்தது என்று சொல்ல வேண்டும். அம்புட்டுதான்.

விவரம் என்னவென்றால், நாய்க்குட்டி வாங்க சுந்தரபாண்டியன் என்று ஒருத்தர் கோயமுத்தூரிலிருந்து வந்தார். அவிய பங்களாவில் பழைய சைக்கிளாத் தேடிப் பிடிச்சு கண்ணாடி ரூமுக்குள்ள மாட்டி வச்சிருக்காவளாம். பரணைப் பாத்து, "பாட்டி, அது என்ன?"ன்னு கேட்டாரு. மில்லுல மிஷின் பூட்ட வந்த இத்தாலிக்காரன் எங்க வீட்டு நாய்க்குட்டியை வாங்கிக்கிட்டு, பதிலுக்கு இந்தச் சைக்கிளைக் குடுத்துட்டுப் போனான்னு சொன்னேன். மனுசன் நாயையே மறந்துட்டாரு. "எந்த வருசம்? யாருக்குக் குடுத்தான்? ரெண்டையும் பலகையில எழுதிப் பக்கத்துல மாட்டணும், வருசம் தெரியாம மாட்ட மாட்டேன்"னாரு. ஒங்க அத்தான் பேரைச் சொல்ல எனக்கு வாய் வருமா? ரேஷன் கார்டைக் காட்டினேன். சுயம்புலிங்கம்னு அழகா எழுதிக்கிட்டாரு. எனக்குக் கண்ணு நெறைஞ்சு போச்சு தம்பி. ஆயுசு பூரா மில்லுல பஞ்சுத் தூசியைத் தின்ன மனுசனுக்கு அந்த மில்லுச் சுவர்ல ஒரு ஓரத்துலகூடப் பேரு கிடையாது. கண்ணாடி ரூமுக்குள்ள வரப்போகுதேன்னு நெனச்சேன்.

அது எப்படித்தான் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு எட்டிச்சோ, என் கொழுந்தன் ராஜரத்தினம் மறுநாள் காலையில பால் கேன் ரெண்டையும் சைக்கிள்ல கட்டுன கோலத்தோட வாசல்ல நிக்கான். அவ்வளவு தூரம் மிதிச்சு வந்த மனுசனுக்கு ஒரு மூச்சு வாங்கல. "மதினி, அது எங்கய்யா காலத்துல வந்தது. பாகம் பிரிக்காத சொத்து. பலகையில எம்பேரும் வரணும்"ங்கான். "ஏலே, பாகம் பிரிச்சு நடுச்சுவர் வச்ச வாரந்தானலே இத்தாலிக்காரன் வந்தான். ஈரச் சுண்ணாம்புல சாஞ்சு பேண்ட் பொறத்தால வெள்ளையோட தெருவுல நடந்தானே, நாய் அம்புட்டும் வெரட்டிச்சே, நான் பாக்கலையா?"ன்னேன். "பாத்தீயளோ இல்லியோ, எங்கய்யாதான் நாயை வளத்தாரு"ங்கான். இவன் கல்யாணப் பந்தியில எனக்கு மட்டும் அப்பளம் வைக்காம போனதுலேருந்து இவன் பேச்சை நான் நம்புறதில்லை.

வருசத்தைக் கண்டுபிடிக்க சைக்கிள் கடை ராக்கப்பனைக் கூப்பிட்டோம். நம்ம வீட்டு வழக்கம் ஒனக்குத் தெரியும். பாகம் பிரிச்ச பொறவும் ஆயுதபூசைக்கு மட்டும் ரெண்டு வீடும் ஒண்ணு. அந்த வருசம் கதவுக்கோ மோட்டாருக்கோ அடிச்சு மிஞ்சுன பெயிண்டை அருவாமனை, மம்பட்டி, மாமனாரோட பழைய சைக்கிள், இத்தாலி சைக்கிள் எல்லாத்துக்கும் ஒரே டின்னுலேருந்து அடிச்சு விடுவாக. ஒங்க அத்தான் வளைஞ்ச ஹேண்டில்பாரை, ஏரு புடிக்கிறாப்புல இருக்குன்னு கழத்திட்டு நேர் பாரு, கேரியர், ஸ்டாண்டு எல்லாம் போட்டதுனால ரெண்டு சைக்கிளும் ரெட்டைப் பிள்ளை மாதிரி இருக்கும். ராக்கப்பன் பிளேடை வச்சு ஒவ்வொரு பூச்சாச் சொரண்டுதான். ஒவ்வொரு நிறத்துக்கும் நான் வருசம் சொல்லுதேன். இந்தப் பச்சை மோட்டாருக்கு அடிச்சது, இந்த ரோஸ் ஓரகத்தி பரிபூரணம் என் கொலுசைக் கடன் கேட்டு நெளிச்சுக் குடுத்த வருசம். அடியில நடுச்சுவர்க் கதவோட நீலம் வந்துச்சு. "பாத்தியாலே, அதுக்கு முந்தி ஒண்ணுமில்ல"ன்னேன். அதுக்கும் கீழ செகப்பாத் தெரியுது. "எங்கய்யா அடிச்ச காவி"ங்கான் அவன். "துருவுக்கு அடிக்கிற ரெட் ஆக்சைடு"ங்கேன் நான். ராக்கப்பன், "ஆயுதபூசை கொண்டாடாத சாவு வருசம் ஏதும் உண்டா?"ன்னு கேட்டான். உண்டுன்னோம். அந்த வருசத்துப் பூச்சு எங்கன்னு செத்த நேரம் மூணு பேரும் இல்லாத பெயிண்டைத் தேடினோம்.

பிரேமைத் தூக்கிப் பாரு, என்னா கனம்! சீமைச் சாமான்னா அப்படி. ராஜரத்தினம் என் மாமனார் சைக்கிளைத் தூக்கிக்கிட்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் குடி போனானே, அதுல பால் கேனைக் கட்டிக்கிட்டு, பூ மாதிரிப் போகுதுன்னு இன்னைக்கும் பீத்துதான். நாட்டுச் சைக்கிள் எங்க, இது எங்க!

ஆகவே நீ தவறாமல் வந்து சுண்ணாம்பைப் பார்த்ததாகச் சொல்லவும். அன்றைக்கு நாய் உன்னையும் கடித்தது, தழும்பை மறைக்காமல் வரவும். பிள்ளைகளுக்கு என் முத்தங்கள். வீடும் வாசலும் நெறைஞ்சு இருங்கள்.

இப்படிக்கு,
உன் அக்கா
செல்லக்கனி

பின்குறிப்பு: கடுதாசியை ஒட்டுறதுக்குள்ள ஒண்ணு நடந்து போச்சு. ஞாயித்துக்கிழமை வாரேன்னு சொன்ன கோயமுத்தூர்க்காரர் வெள்ளிக்கிழமையே ஒரு மெக்கானிக்கோட வந்துட்டாரு. மெக்கானிக் பிரேமைத் தூக்கினான், சிரிச்சான். "பாட்டி, இது நம்ம ஊரு சைக்கிளு, தண்ணிக் குழாய்க் கனம் கனக்குது"ன்னான். பொறவு வாசல்ல நின்ன ராஜரத்தினத்தோட பால் சைக்கிளை ஒத்த வெரல்ல தூக்கினான். சொரண்டினான். பச்சையும் இல்லாம நீலமும் இல்லாம ஒரு சீமை நிறம் வந்துச்சு. அப்படியே தரையில முட்டி போட்டுட்டான். குடி போற அவசரத்துல ராஜரத்தினம் சைக்கிளை மாத்தி எடுத்துட்டுப் போயிருக்கான் தம்பி. அடியில நம்பர் இருக்கு, இத்தாலிக்கு எழுதினா வருசம் தெரியும்னான் மெக்கானிக். எதுக்கு இத்தாலிக்கு எழுதணும்? எனக்கு இப்ப நல்லா ஞாபகம் வந்துட்டு. சைக்கிள் வந்தது மாமனார் காலத்துல, பாகம் பிரிக்கிறதுக்கு முந்தி. பொதுச் சொத்து, இப்ப அவன் கையில இருந்தாலும் பலகையில ஒங்க அத்தான் பேரும் வரணும். பேண்ட்ல ஒட்டுனது மாட்டுத் தொழுவத்துச் சுண்ணாம்பு. மேலே எழுதினதைக் கிழிச்சுப் போட்டுட்டு இதையே சொல்லு. ஆனா ராஜரத்தினம், பாகம் பிரிச்ச பொறவுதான் வந்துச்சு, யாரு கையில இருக்கோ அவுகளுக்கேன்னு இப்ப சூடத்தை அடிச்சுச் சத்தியம் பண்ணுதான். அதனால தங்கபாயையும் கூட்டிட்டு வா, சாட்சி ரெண்டா இருக்கட்டும். காப்பி அவளே போட்டுக் குடிக்கட்டும்.