வாசனையாரும் தலையில்லாத பக்தரும்

அந்த வருடம் ஊரில் எல்லோருக்கும் புதிதாக மூக்கு முளைத்தது. அதற்கு முன்னும் இருந்ததுதான். ஆனால் சளி பிடிக்கவும் கண்ணாடியைத் தாங்கவும் மட்டுமே பயன்பட்டுவந்த அந்த உறுப்பு, திடீரென்று சொர்க்கத்தின் வாசற்படியாகப் பதவி உயர்வு பெற்றது. காரணம், வாசனையார்.

மூடிக்கிடந்த பழைய சினிமாக் கொட்டகையை வாடகைக்குப் பிடித்து அவர் வந்து உட்கார்ந்தார். சில வாரங்களிலேயே டிக்கெட் ஜன்னலில் தொடங்கிய வரிசை, வளைந்து நெளிந்து, மருந்துக்கடையைத் தாண்டி, பேருந்து நிறுத்தம் வரை நீண்டது. அங்கே படம் ஓடிய காலத்தில்கூட இப்படி ஒரு கூட்டம் வந்ததில்லை. கதாநாயகர்களுக்கு நடிப்பு வராததுதான் அப்போது குறை. இப்போது அந்தக் குறை தீர்ந்துவிட்டது.

வாசனையாரின் அற்புதம் மிக எளிமையானது. அவரிடம் ஒரு வெளிர்நீலத் துண்டு வாங்க வேண்டும். அதைத் தோளில் போட்டு, கண்ணை மூடி, அவரை நினைத்து, ஓரத்தை இரண்டு கைக்கும் நடுவில் வைத்துத் தேய்க்க வேண்டும். நம்பிக்கை இருந்தால் வாசனை வரும். மழை விட்ட தோட்டத்துக்கு யாரோ கதவைத் திறந்துவிட்டது போல வரும். காலையில் தேய்த்தாலும் வரும், சாயங்காலம் தேய்த்தாலும் வரும். நம்பிக்கை இல்லாதவனுக்கு வராது. வரவில்லை என்று சொல்ல யாருக்குத்தான் துணிச்சல் இருக்கும்? பக்கத்தில் மாமியார் அல்லவா நிற்கிறாள்.

சில சலவைக்குப் பிறகு வாசனை மங்கிவிடும். "உன் பாவம் அதுல ஏறிடுச்சும்மா, புதுசு வாங்கிக்கோ" என்பார் வாசனையார். அருளுக்கும் காலாவதி உண்டு என்று கண்டுபிடித்த முதல் மகான் அவராகத்தான் இருக்கும்.

ஊரே வரிசையில் நின்றபோது நிற்காத ஒருவன் இருந்தான். அவனை நண்பர்கள் 'மோப்பம்' என்று கூப்பிடுவார்கள். கேலி இல்லை, அதுதான் அவன் தொழில். உடம்புக்கு அடிக்கும் ஸ்பிரே தயாரிக்கும் தொழிற்சாலையில், ஒரு டப்பாவின் மணம் எவ்வளவு நேரம் நிலைக்கிறது என்று மோந்து பார்த்துச் சொல்ல அவனுக்குச் சம்பளம். ஜன்னல் இல்லாத ஒரு வெள்ளை அறையில் அவனும் இன்னும் சிலரும் உட்கார்ந்து, எண் ஒட்டிய துணிகளைக் காலையில் ஒரு தரம், உச்சிவேளையில் ஒரு தரம், வீட்டுக்குக் கிளம்பும்போது ஒரு தரம் தேய்த்து மோந்துகொண்டிருப்பார்கள்.

அந்த அறைக்கு ஒரு வழக்கம் உண்டு. ஸ்பிரே அடித்த துணிகளுக்கு நடுவில், ஒன்றுமே அடிக்காத ஒரு துணியையும் கலந்து வைப்பார்கள். அதற்குப் பெயர் 'ஊமை'. ஊமையை மோந்துவிட்டு, "ஆஹா, லேசா ரோஜா" என்று சொன்னவரை அன்றைக்கு வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். மூக்கு கெட்டுப்போனதற்காக அல்ல. மூக்குக்குள் மனசு புகுந்துவிட்டதற்காக.

மோப்பத்துக்கு ஒரு அக்கா. தையல்காரி. அம்மா அப்பா போனபிறகு மெஷினை மிதித்து மிதித்தே அவனைப் படிக்கவைத்தவள். சின்ன வயதிலிருந்தே அவளுக்கு இழுப்பு உண்டு. நூல்கண்டுகளுக்கு நடுவில், இன்னொரு நூல்கண்டு போல, அவளுடைய இன்ஹேலர் எப்போதும் மெஷின் மேல் நிற்கும். ஒரு மாலை அவன் போனபோது நூல்கண்டுகள் மட்டும்தான் நின்றன.

"இன்ஹேலர் எங்கக்கா?"

"அலமாரியில."

"அங்க என்ன பண்ணுது?"

"தூங்குது." அக்கா ஊசியில் நூல் கோத்தாள். மூச்சு எண்ணெய் போடாத கதவு போலக் கிறீச்சிட்டது. "வாசனையார் சொல்லிட்டார். மருந்து இருக்கிற நெஞ்சுல வாசனை தங்காதாம்."

"மூச்சு தங்குமான்னு கேட்டியா?"

"ஏங்க, இவன் பேசறதைக் கேட்டீங்களா?"

அக்கா புருஷன், மாமா, கேட்டுக்கொண்டுதான் இருந்தார். பகலெல்லாம் சலூனில் ஊர்த் தலைகளை எல்லாம் தன் இஷ்டத்துக்குத் திருப்புகிறவர், வீட்டில் தன் தலையைத் திருப்பவே அனுமதி கேட்பார். "நான் சொல்லிப் பாத்துட்டேன் மாப்பிள்ளை. நான் வாயைத் திறந்தா வாசனை ஓடிப்போயிடுதாம். ராத்திரி முழுக்க உட்கார்ந்தே தூங்கறா. எனக்குப் பயமா இருக்கு."

அக்கா அவர்களை லட்சியம் செய்யவில்லை. கண்ணை மூடினாள், துண்டைத் தேய்த்தாள், தம்பியின் முகத்துக்கு நேரே நீட்டினாள். "மோந்து பாரு. உன் தொழில்தானே."

மோந்தான். தோட்டமும் மழையும் வந்தன. கூடவே போன வருடம் முழுவதும் வந்தது. அந்த வெள்ளை அறை, எண் ஒட்டிய துணிகள், மூக்கு மரத்துப்போன சாயங்காலங்கள்.

"அக்கா, இது எங்க ஸ்பிரே. இதுல வாசனையைக் கண்ணுக்குத் தெரியாத குட்டிக்குட்டி முட்டைக்குள்ள அடைச்சு வெச்சிருக்கோம். துணியில அடிச்சுக் காயவிட்டா வெளிய ஒண்ணும் தெரியாது. தேய்ச்சா ஓடு உடையும், வாசனை வரும். கொஞ்சம் கொஞ்சமாத்தான் உடையும், அதனாலதான் நாள்பூரா வருது. எல்லாம் உடைஞ்சுபோனா திரும்ப அடிக்கணும். அதுக்குப் பேர் பாவம் இல்ல."

"கண்ணுக்குத் தெரியாத முட்டையா?"

"ஆமா."

"கண்ணுக்குத் தெரியாத முட்டையை நீ நம்புவே. கண்ணுக்குத் தெரியாத அருளை நான் நம்பக்கூடாது. நல்லா இருக்குடா நியாயம்."

மாமா சிரிப்பை அடக்க இருமினார். மோப்பத்திடம் பதில் இருந்தது. ஆனால் அது வாயால் சொல்லும் பதில் இல்லை, செய்துதான் காட்ட வேண்டும்.

வாசனையாரின் துண்டுகள் வானத்திலிருந்து வரவில்லை, மார்க்கெட்டில் உள்ள ஜவுளிக்கடையிலிருந்து கட்டுக்கட்டாக வந்தன. மாமாவின் சலூனில் முடி வெட்டிக்கொள்ளும் கடைக்காரரே அதைச் சொன்னார். மறுநாள் அதே கடையில் அதே நீலத்தில் ஒரு துண்டு வாங்கி, ஆணியில் தொங்கிய அக்காவின் துண்டை எடுத்துவிட்டு இதை மாட்டினான் தம்பி. அன்றிரவு அங்கேயே தங்கினான். காலையில் அக்கா கண்ணை மூடித் தேய்த்தாள். அவள் முகம் மலர்ந்தது.

"வந்துடுச்சு. இன்னைக்கு ரொம்ப ஜாஸ்தியா வருது."

"அக்கா, அது ஊமை" என்றான் அவன், மெதுவாக.

ஊமை என்றால் என்னவென்று சொல்லி முடித்தபோது, அவள் துண்டை மடித்துக்கொண்டிருந்தாள். மடித்ததையே பிரித்து மறுபடி மடித்தாள். அவள் அழுதிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

"என்னை உங்க ஃபேக்டரி மூக்குன்னு நினைச்சியா? வீட்டுக்கு அனுப்பிடலாம்னு பாத்தியா?" துண்டை அவன் மடியில் போட்டாள். "ஞாயித்துக்கிழமை கொட்டகையில மருந்து துறப்பு. நானும் மேடையேறி இன்ஹேலரைத் தொட்டியில போடப்போறேன். உனக்குத் தம்பின்னு பாசம் இருந்தா வந்து கைதட்டு."

திரும்பும் வழியில் பேருந்தில் உட்கார்ந்திருந்தவனுக்கு, அந்த வண்டியே ஜன்னல் இல்லாத ஒரு வெள்ளை அறையாகிவிட்டதாகத் தோன்றியது. அலுவலகம் போகிறவர்கள், காய்கறிப் பை வைத்திருந்தவர்கள் எல்லோரும் ஆளுக்கொரு ஊமையை முகத்தில் வைத்துக்கொண்டு புன்னகைத்தார்கள். அவர்களை வீட்டுக்கு அனுப்பத்தான் மேற்பார்வையாளர் யாரும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மாமாவின் ஸ்கூட்டரில் மூன்று பேர் போனார்கள். முன்னால் மாமா, பின்னால் மோப்பம், நடுவில் அக்காவின் கடையில் ரவிக்கை மாட்டிவைக்கும் தையல் பொம்மை. அதற்குத் தலை கிடையாது. போக்குவரத்துக் காவலர் நிறுத்திப் பார்த்தார். ஹெல்மெட் கேட்க அவருக்கு வழியில்லை, விட்டுவிட்டார்.

டிக்கெட் ஜன்னலில் பொம்மைக்கு முறைப்படி ஒரு துண்டு வாங்கினார்கள். ஜன்னல்காரர் யாருக்கு என்று கேட்கவில்லை. அங்கே யாரையும் தலை பார்த்துச் சேர்ப்பதில்லை.

உள்ளே, திரை இருந்த இடத்தில் வாசனையார் நாற்காலியில் நிறைந்திருந்தார். நன்றாகச் சாப்பிடும் உடம்பு, அதைவிட நன்றாகச் சாப்பிடும் குரல். காலடியில் ஒரு பிளாஸ்டிக் தொட்டி. அதில் ஏற்கெனவே சில சிரப் பாட்டில்களும் மாத்திரை அட்டைகளும் கிடந்தன. அக்காவின் பின்னால் இன்னும் பலர் கையில் தங்கள் மருந்தோடு வரிசையில் நின்றார்கள்.

அக்கா மேடைப் படிகளில் நின்று நின்று ஏறினாள். கையில் இன்ஹேலர். மைக் முன்னால் வந்தபோது அவள் பேச்சுக்கு முன்பே அவள் மூச்சு கொட்டகை முழுக்கக் கேட்டது.

"ஐயா, ஒரு நிமிஷம்." மோப்பம் பொம்மையைத் தூக்கிக்கொண்டு நடுவழியில் வந்தான். "புதுசா ஒரு பக்தர் வந்திருக்கார்."

கூட்டம் திரும்பிப் பார்த்துச் சிரித்தது. "டேய், மானத்தை வாங்காத" என்றாள் அக்கா, மைக்கிலேயே.

வாசனையாருக்கு வேடிக்கை பிடிக்கும். வேடிக்கை காட்டுகிறவர்களுக்கு எப்போதும் பிடிக்கும். "வரட்டும், வரட்டும். என்னப்பா சந்தேகம்?"

"நம்பிக்கை இல்லாதவங்க தேய்ச்சா வாசனை வருமாங்க?"

"ஒரு துளி வராது."

"நெஞ்சே இல்லாதவங்களுக்கு?"

"நெஞ்சு இல்லாதவனுக்கு எதுக்குப்பா வாசனை? பெட்ரோல் வாசனைகூட வராது." கொட்டகை அதிர்ந்தது.

மோப்பம் பொம்மையை மேடையில் நிறுத்தி, ஜன்னலில் வாங்கிய துண்டை அதன் தோளில் போட்டான். கையால் தொட்டால் தன் நம்பிக்கை ஒட்டிக்கொண்டது என்பார்களே என்று, கூடவே கொண்டுவந்திருந்த அக்காவின் மர அளவுகோலை எடுத்து, துண்டின் ஓரத்தை அதை வைத்து அழுத்தித் தேய்த்தான். முன்வரிசையிலிருந்த பேக்கரிக்காரரைக் கூப்பிட்டான். மாவு புளித்ததை அடுத்த தெருவிலிருந்தே கண்டுபிடிக்கும் மூக்கு அது என்று ஊருக்கே தெரியும்.

பேக்கரிக்காரர் குனிந்தார். நிமிர்ந்தார். மறுபடி குனிந்தார். "வருதே" என்றார், ஏதோ தப்புச் செய்துவிட்டவர் போல.

கொட்டகை முழுக்கக் கழுத்தை நீட்டிப் பார்த்தது. பிறகு வாசனையார் இரண்டு கையையும் விரித்துச் சிரித்தார். "பாத்தீங்களா. பஞ்சு அடைச்ச பொம்மைக்கும் இரங்குது என் கருணை. நம்பிக்கையே வேண்டாம், நான் நினைச்சாப் போதும்."

கைதட்டல் கூரையைப் பெயர்த்தது. தனக்கு எதிராக வந்த சாட்சியை அப்படியே விழுங்கி ஏப்பம் விட்டுவிட்டார் மனுஷன். அக்கா இன்ஹேலரோடு தொட்டியை நோக்கி ஓர் அடி வைத்தாள்.

"ரொம்ப சந்தோஷங்க" என்றான் அவன் அவசரமாக. "அப்ப நம்பிக்கை வேண்டாம். நீங்க நினைச்சாப் போதும்."

"போதும்."

"அப்ப இந்தத் துண்டை உங்க கையாலேயே தேய்ச்சுக் காட்டுங்க. உங்களைவிட உங்களை அதிகமா நம்புறவங்க யாரு இருக்கா?"

அன்றைக்கு அக்கா அவன் மடியில் போட்ட நீலத் துண்டை மடித்து நீட்டினான். அதே நீலம், அதே ஓரத் தையல். தன் சரக்கையே தன்னிடம் தருகிறான் என்று நினைத்த வாசனையார், வீராப்பாக வாங்கி, கண்ணை மூடி, தேய்த்தார். தாராளமாகத் தேய்த்தார். கண்ணைத் திறந்து அக்காவிடம் நீட்டினார்.

"நீயே சொல்லும்மா."

அக்கா வாங்கினாள். ஏற்கெனவே ஒருமுறை ஊமையிடம் தோற்றவள். கீழே ஊர் முழுக்க அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. வரிசையில் நின்றவர்கள் ஆமாம் என்ற ஒரு சொல்லுக்காக மருந்தை நீட்டியபடி காத்திருந்தார்கள். அவள் துண்டை மூக்கில் வைத்தாள். இந்த முறை கண்ணை மூடவில்லை.

பொம்மையிடம் போனாள். அதன் துண்டை மோந்தாள். திரும்பி வந்து வாசனையாரின் துண்டை இன்னொரு தரம் மோந்தாள்.

"புதுத்துணிக் கஞ்சி வாசனை" என்றாள். "வேற ஒண்ணுமில்ல."

"நம்பிக்கை குறைஞ்சுபோச்சும்மா உனக்கு..."

"என் நம்பிக்கை இருக்கட்டும். நம்பிக்கை வேண்டாம்னு இப்பத்தானே சொன்னீங்க?" மூச்சு வாங்கினாள். "தேய்ச்சது நீங்க. உங்களுக்கு வரல. தலையில்லாத பொம்மைக்கு வந்திருக்கு. அப்ப யாரு சாமி இங்க பெரியவர், நீங்களா அதுவா?"

முதலில் சிரித்தது பேக்கரிக்காரர். பிறகு ஒவ்வொரு வரிசையாகச் சிரிப்பு பின்னால் போய்க் கடைசிச் சுவரில் மோதித் திரும்பி வந்தது. வாசனையார் என்னவோ சொன்னார், யாருக்கும் கேட்கவில்லை. அக்காவுக்கு அதற்குமேல் பேச மூச்சில்லை. இன்ஹேலரின் மூடியைத் திறந்து வாயில் வைத்து அழுத்தினாள். புஸ் என்று மைக் அதைக் கொட்டகை முழுக்கச் சொன்னது. அவள் மூச்சு மெல்ல மெல்ல ஒழுங்குக்கு வந்ததையும் அதே மைக் சொன்னது. மாமா கடைசி வரிசையில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். சீடர்களின் ஸ்பிரே கண்ணில் பட்டுவிட்டது என்று பிறகு சமாளித்தார்.

அந்த ஸ்பிரேயும் அங்கேதான் இருந்தது. மேடைக்குப் பின்னால் திரையை இழுத்துப் பார்த்தவர்கள், ஒரு நீளக் கொடியில் ஈரம் காயாத நீலத் துண்டுகளையும், கையில் டப்பாவோடு உறைந்துபோன இரண்டு சீடர்களையும் பார்த்தார்கள். அருள் அங்கே பெட்டி பெட்டியாக அடுக்கப்பட்டிருந்தது, 'நெருப்புக்கு அருகில் வைக்காதீர்கள்' என்ற எச்சரிக்கையோடு. வாசனையார் பக்கக் கதவு வழியாகப் போய்விட்டார். மருந்தோடு வரிசையில் நின்றவர்கள் அதை நைசாகப் பைக்குள் போட்டுக்கொண்டார்கள். முன்பே போட்டுவிட்டவர்கள் தொட்டியைச் சூழ்ந்து, "இது என் மாத்திரைங்க, அது உங்களோடது" என்று கிளறிக்கொண்டிருந்தார்கள். அந்தக் களேபரத்திலும் ஒருவர் மோப்பத்தின் கையைச் சுரண்டி, அந்த டப்பா எந்தக் கடையில் கிடைக்கும் என்று விசாரித்தார்.

பேக்கரிக்காரருக்குத்தான் மனசு ஆறவில்லை. "அப்ப இத்தனை நாளா என் மூக்குக்கு வந்ததெல்லாம் பொய்யா?" என்று அக்காவையே கேட்டார்.

"வாசனை பொய்யில்லண்ணே" என்றாள் அக்கா, பொம்மையை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு. "அது எங்கிருந்து வருதுன்னு கேக்கற வேலை மூக்கோடது இல்ல. அதுக்குத்தான் மூக்குக்கு மேல ஒண்ணு வெச்சிருக்கு. இந்தப் பொம்மைக்கு அது இல்ல, பாவம், நம்பிட்டுப் போகட்டும். தலை இருக்கிற நமக்கென்ன கேடு?"