கால்விரலைத் தொடச் சொல்லும் தலைவி

மாதவிடாய் நின்ற பெண்களுக்கு என்னென்ன தொல்லைகள் வரும் என்று மருத்துவர்கள் ஒரு பட்டியல் வைத்திருக்கிறார்கள். திடீர் வெக்கை, தூக்கமின்மை, எலும்புத் தேய்வு, முழங்கால் வலி. ஒன்றை மட்டும் விட்டுவிட்டார்கள்: யாரும் கேட்காமலே அவர்களுக்கு உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கக் கிளம்பும் பழைய விளையாட்டு வீராங்கனை. மற்றதற்காவது மாத்திரை உண்டு.

இந்த இனத்தை நீங்கள் எந்த ஊரிலும் பார்க்கலாம். எங்கள் ஊரான வில்காராவில் அதன் பெயர் ரேலீன். வயது அறுபத்தொன்று. எண்பத்துமூன்றாம் வருடம் மாவட்டக் கோப்பையை வென்ற நெட்பால் அணிக்குத் தலைவி; வளையத்தில் பந்து போடும் பெண்கள் ஆட்டம் அது. அந்தக் கோப்பை இன்னும் கிளப் அலமாரியில் இருக்கிறது. ரேலீனும் அந்த அலமாரியை விட்டு இன்னும் வெளியே வரவில்லை.

செவ்வாயும் வியாழனும் காலை ஆறரைக்கு, கோதுமைக் கிடங்குக்குப் பின்னால் இருக்கும் நெட்பால் தளத்தில், பனி விழுந்தாலும் புழுதிக்காற்று அடித்தாலும், ஐம்பத்தைந்து தாண்டிய எட்டுப் பெண்களை வரிசையில் நிறுத்தி, விசில் ஊதி, மைதானத்தை நான்கு சுற்று ஓடவிட்டு, மூச்சு வாங்க இடம் கொடுக்காமல், கையையும் காலையும் விரித்து நாற்பது தடவை குதிக்கவைப்பாள். தான் குதிக்கமாட்டாள். தலைவி எண்ண வேண்டாமா?

எட்டுப் பேரும் கறுப்புக் கால்சட்டையிலேயே வருவது ஏன் என்று நினைக்கிறீர்கள்? அழகுக்கா? பிள்ளை பெற்ற உடம்பு இந்த வயதில் குதித்தால் என்ன கசியும் என்று ஒவ்வொருத்திக்கும் தெரியும். அதற்கும் தனியாகப் பயிற்சி உண்டு, உட்கார்ந்த இடத்திலேயே செய்யலாம் என்பதும் தெரியும். ஆனால் ரேலீனிடம் யார் சொல்வது? சொன்னால் சிணுங்கி என்பாள். எங்கள் ஊரில் ஒருத்தியைத் திருடி என்று சொல்லிப் பாருங்கள், இரண்டு நாளில் மறந்துவிடுவாள். சிணுங்கி என்று சொன்னால் பேத்தி கல்யாணம் வரை மறக்கமாட்டாள்.

வெண்டி அப்படிப் பயந்தவள். வயது ஐம்பத்தெட்டு. அந்த எண்பத்துமூன்றாம் வருட அணியில் எல்லோருக்கும் இளையவள். பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டிக்கொண்டிருந்தாள். தூரத்துப் பண்ணைகளிலிருந்து பதினொரு பிள்ளைகளை ஏற்றி வருவாள். புருஷன் இறந்த பிறகு அவளைக் காலையில் படுக்கையிலிருந்து எழுப்பியது அந்தப் பேருந்து ஒன்றுதான். சில மாதங்களுக்கு முன் படியில் சறுக்கி மணிக்கட்டில் விரிசல் விட்டது. ஸ்கேன் எடுத்ததில் முதுகெலும்பு மெலிந்திருப்பது தெரிந்தது. முதுகு போனால் பேருந்தும் போய்விடும் என்று வெண்டிக்கு அன்றைக்கே பயம் பிடித்துக்கொண்டது.

அதனால்தான் அந்த வியாழக்கிழமை தைரியத்தைத் திரட்டிக்கொண்டு வாயைத் திறந்தாள்.

"ரேலீன், குனியற பயிற்சி மட்டும் எனக்கு வேண்டாம்னு பிசியோக்காரப் பொண்ணு சொல்லியிருக்கா."

"அவளுக்கு என்ன வயசு இருக்கும்?"

"முப்பது இருக்கும்."

"அவளுக்கு இன்னும் மாசாமாசம் வந்துக்கிட்டிருக்கு. அவ உனக்குச் சொல்லித் தர்றாளா?"

"எடை தூக்கச் சொன்னா, கொஞ்சம் கொஞ்சமா ஏத்தி. அப்புறம் சமையல் மேடையைப் பிடிச்சுக்கிட்டு ஒத்தக் கால்ல நிக்கணுமாம். விழாம இருக்கறதுக்கு."

"ஒத்தக் கால்லயா? நீ என்னடி, கொக்கா?"

எல்லோரும் சிரித்தார்கள். வெண்டியும் சிரித்தாள். அங்கேதான் அவள் தோற்றாள்.

"எங்கம்மா எழுபத்தாறு வயசுல ஆட்டை மடக்கிப் பிடிச்சு ரோமம் கத்தரிச்சவ," என்றாள் ரேலீன். "ஸ்கேன் எடுத்தாளா? எலும்பாம், தேய்வாம். சிணுங்காம வரிசையில நில்லு கண்ணு."

ஸ்கேன் எடுக்காத அந்த அம்மா எழுபத்தேழில் இடுப்பு உடைந்து, படுக்கையிலேயே கிடந்து இறந்தாள். ஊருக்கே தெரியும். சவப்பெட்டியைத் தூக்கியவர்களில் இருவரின் மனைவிமார் அந்த வரிசையிலேயே நின்றார்கள். ஒருத்தியாவது வாயைத் திறந்திருக்க வேண்டாமா? வெண்டி பக்கத்தில் நின்ற காரலைப் பார்த்தாள். காரலுக்கும் எலும்புத் தேய்வுதான், அவளும் அதே பிசியோவிடம் போகிறவள்தான். காரல் குனிந்து காலணிக் கயிற்றைச் சரிசெய்தாள்.

ரேலீன் விசில் ஊதினாள். எட்டுப் பேரும் முட்டியை மடக்காமல் கால்விரலை நோக்கிக் குனிந்தார்கள். விரல் எட்டாதவர்களின் முதுகில் கையை வைத்து ஓர் அழுத்து அழுத்துவது ரேலீனின் வழக்கம். வெண்டிக்கு நாலு அங்குலம் எட்டவில்லை.

"வலிக்குதா? வலிச்சாத்தான் வேலை செய்யுதுன்னு அர்த்தம்," என்றபடி ரேலீன் அழுத்தினாள்.

முதுகுக்குள் ஏதோ மளுக்கென்றது. வெண்டி கத்தவில்லை. அந்த நிலையிலும் சிணுங்கி என்று சொல்லிவிடுவார்களோ என்று பல்லைக் கடித்துக்கொண்டாள் பாருங்கள், அதை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு எரிகிறது.

முதுகெலும்பில் ஒரு கணு நசுங்கியிருந்தது. மூன்று மாதம் பேருந்தைத் தொடக்கூடாது, அதற்குப் பிறகும் உறுதி சொல்ல முடியாது என்றார்கள். இப்போது பக்கத்து ஊர்க்காரன் ஒருவன் ஓட்டுகிறான். எந்தப் பிள்ளைக்கு வளைவில் குமட்டும் என்று அவனுக்குத் தெரியாது.

நாலாம் நாள் ரேலீன் ஒரு தட்டு நிறைய, தேங்காய்த்துருவல் புரட்டிய லாமிங்டன் கேக்கோடு வெண்டியின் வீட்டுக்கு வந்தாள். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். மன்னிப்புக் கேட்பாள் என்று எதிர்பார்க்கிறீர்களா? இந்த இனத்தை நீங்கள் இன்னும் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை.

"போன வாரம் ரெண்டு நாள் வராம விட்டல்ல, அதான் உடம்பு இறுகிப் போச்சு," என்றாள். "எழுந்ததும் முதல்ல மெதுவா பத்து தடவை குனி. நான் வந்து பிடிச்சுக்கறேன்."

வெண்டி கட்டிலுக்குப் பக்கத்து மேசையைக் காட்டினாள். "ரேலீன், கேக்கை வச்சுட்டுப் போ. இனிமே என் முதுகுப் பக்கம் உன் கை வந்துச்சு, கடிச்சுடுவேன்."

"மாத்திரை அவ மூளையைக் குழப்பிடுச்சு, பாவம்," என்று ரேலீன் அடுத்த செவ்வாய் மற்ற ஏழு பேரிடமும் சொன்னாள். ஏழு பேரும் தலையாட்டினார்கள். பிறகு குனிந்தார்கள். காரலும்தான்.

ரேலீனைத் திட்டிக்கொண்டே இவ்வளவு தூரம் படித்துவிட்டீர்கள், சந்தோஷம். ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் சொல்லுங்கள். எலும்பு நசுங்கியது என்று படித்ததுமே, பாவம் இந்த வெண்டி காலையில் வெறும் வயிற்றில் இன்னதைக் குடித்திருந்தால் எலும்பு இரும்பாகியிருக்குமே என்று ஒரு யோசனை உங்கள் நாக்கு நுனியில் வந்து நின்றதா, இல்லையா? அதை இன்று சாயங்காலம் எந்தச் சிநேகிதிக்குச் சொல்வதாக இருக்கிறீர்கள்?