பத்து மணி, இருபத்தேழு நிமிடம், பதினான்கு விநாடி

ஒன்பது குழந்தைகளின் ஜாதகத்தைக் கெடுத்தவள் நான். (உண்மையில் பத்து. பத்தாவது குழந்தையின் அப்பா கறுப்புச் சட்டைக்காரர். ஜாதகமே எழுத மாட்டேன் என்றுவிட்டார். அவருக்காக இன்றைக்கும் ஜெபம் செய்கிறேன். தெரிந்தால் கோபித்துக்கொள்வார்.) இத்தனைக்கும் எனக்கு ஜாதகத்தில் நம்பிக்கை கிடையாது. எங்கள் வீட்டில் கல்யாணப் பேச்சு வந்தால் ஞானஸ்நானச் சான்றிதழைத்தான் தேடுவார்கள். நட்சத்திரம் என்பது எனக்குத் தினக்காலண்டரின் அடியில் பொடி எழுத்தில் கிடக்கும் சங்கதி, அவ்வளவுதான். நம்பாதவளே இவ்வளவு சேதம் செய்திருக்கிறேன். நம்பியிருந்தால் ஊரே காலியாகியிருக்கும்.

இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகள். எனக்கு வயது இருபத்து மூன்று. விருதுநகரில் ஒரு சின்னப் பிரசவ ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை. கப்பலில் வேலை பார்த்த என் அண்ணன் விடுமுறைக்கு வந்தபோது ஒரு கைக்கடிகாரம் கொண்டுவந்தான். முள் கிடையாது, எண்கள்தான். ஆம்பளைக் கடிகாரம். என் மணிக்கட்டில் கட்டினால் முழங்கை வரை போய்த் திரும்பிவரும்.

"ராணி, இது பேட்டரியே கேக்காது. வெயிலு பட்டாப் போதும். வெளிநாட்டுல பெரிய டவர் வச்சு ரேடியோவுல நேரம் அனுப்புவாங்க. இது அதைப் பிடிச்சுத் தன்னைத்தானே திருத்திக்கிடும். செகண்டு தப்பாது" என்றான். பிறகு, "ஆனா அந்த டவரு நம்ம ஊருக்கு எட்டாது. இங்கன இது சாதா வாட்ச்தான். டெல்லி நேரம் வச்சிருக்கேன், பொத்தானைத் தொட்டுறாத" என்றும் சொன்னான்.

முதல் பாதியை மனப்பாடம் செய்துகொண்டேன். இரண்டாவது பாதி காதில் விழுந்ததோடு சரி.

வெயிலுக்குப் பஞ்சமில்லாத ஊர். மாடியில் மிளகாய் வற்றலோடு கடிகாரத்தையும் காய வைத்து எடுப்பேன். பிரசவ அறையில் கையில் எதுவும் கட்டக் கூடாது என்று மேட்ரன் சொன்னதால், அதை ஊக்கு மாட்டி மார்புப் பாக்கெட்டில் தொங்கவிட்டேன். மற்ற நர்ஸுகள் மாட்டியிருந்தவை காசு அளவு இருக்கும். என்னுடையது பரிசுக் கோப்பையைப் போலத் தொங்கும்.

அதுவரை எங்கள் ஆஸ்பத்திரியில் குழந்தை பிறந்த நேரத்தைச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து உத்தேசமாக எழுதுவார்கள். பத்து மணி, பத்தே கால், பத்தரை. நான் வந்து அதை விநாடிக்குக் கொண்டுபோனேன். தொப்புள்கொடியை வெட்டிய கையோடு மார்பைக் குனிந்து பார்த்து, "ஆறு, நாற்பத்தொன்று, முப்பத்தாறு" என்று கோர்ட்டில் தீர்ப்புச் சொல்வதுபோலச் சொல்வேன். குடும்பங்கள் உருகிப்போயின. "செகண்டு சிஸ்டர் டூட்டியில இருக்காகளா?" என்று கேட்டுக்கொண்டு சாத்தூர்ப் பக்கமிருந்தெல்லாம் வந்தார்கள். ஒரு ஜோசியர் எனக்கு மாம்பழம் கொடுத்தனுப்பினார். (சாப்பிட்டேன். விசுவாசம் வேறு, மாம்பழம் வேறு.)

ஒருநாள் காலை டூட்டிக்கு வந்தால் சுவர்க் கடிகாரம் பதினைந்து நிமிடம் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது. நாற்காலி போட்டு ஏறி நானே திருத்தினேன். மேட்ரனிடம் சொல்லி நோட்டிலும் எழுத வைத்தேன். அதோடு விட்டேனா? அன்றிலிருந்து உலகமே பதினைந்து நிமிடம் தாமதமாக நடப்பதாக எனக்குத் தோன்றியது. பஸ் டிரைவரிடம் சண்டை போட்டேன். ஆராதனையைத் தாமதமாகத் தொடங்குவதாகப் போதகரிடம் பணிவோடு குறை சொன்னேன். மேட்ரன் அறையில் ரேடியோ செய்தி ஆரம்பிக்கும்போது என் கடிகாரத்தில் ஏழு பதினைந்து.

"ஏம்மா ஜெயராணி, செய்தி ஏழு மணிக்குத்தானே வாசிப்பாக?" என்றார் மேட்ரன்.

"ரேடியோக்காரங்க தப்பு மேட்ரன்" என்றேன். வாய் கூசவில்லை.

அந்த நாட்களில்தான் முத்துலட்சுமி வந்தாள்.

அச்சங்குளத்துப் பெண். பட்டாசு ஆலையில் பெட்டி ஒட்டுகிறவள். தாய் தகப்பன் இல்லை. புருஷன் லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே போயிருந்தான். கூட வந்தது அண்ணன் கருப்பசாமி மட்டும்தான். அவன் அதே ஆலையில் மருந்து கலக்குகிற அறையில் வேலை செய்தான். எவ்வளவு தேய்த்துக் குளித்தாலும் நக இடுக்கில் வெள்ளி நிறம் போகாத கை. அந்தக் கையில் ஒரு ஜோடிக் குட்டி வளையலைப் பிடித்துக்கொண்டு வராந்தாவில் நின்றான். ஆணா பெண்ணா என்று தெரிவதற்கு முன்பே வாங்கிவிட்டானாம்.

பெண் குழந்தை. நான் வெளியே வந்து அறிவித்தேன்: "பத்து மணி, இருபத்தேழு நிமிஷம், பதினாலு செகண்டு."

"செகண்டு வரைக்குமா சிஸ்டர்!" அவன் சட்டைப் பையிலிருந்து அச்சுப் பிசகிய ஒரு பட்டாசு லேபிளை எடுத்து, அதன் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டான். "பிள்ளையக் குளிப்பாட்டி வைங்க. பக்கத்துத் தெருவுல ஜோசியரைப் பாத்து நல்ல எழுத்தாக் கேட்டுட்டு, பேரோட வந்து பாக்கேன்" என்று ஓடினான்.

அரை மணி நேரம் கழித்து வந்தவன் வராந்தாவோடு நின்றுவிட்டான். கதவைத் திறந்து, "வாங்க, உங்க மருமகளைப் பாருங்க" என்றேன். அவன் சட்டென்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"பத்து இருபதுக்கு ரோகிணி பொறந்துருச்சாம் சிஸ்டர். ஏழு நிமிசம். ரோகிணியில பொறந்தா தாய்மாமனுக்கு ஆகாது. இப்போதைக்குப் பிள்ளை மொகத்துல முழிக்க வேண்டாங்காரு ஜோசியரு."

வளையல்களை என்னிடம் கொடுத்தான். "நீங்களே போட்டு விட்டுருங்க."

உள்ளே முத்துலட்சுமி, "அண்ணே வந்துருச்சா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? மூடநம்பிக்கை பற்றி அவளுக்குப் பத்து நிமிடம் அறிவுரை சொன்னேன். பிறகு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டேன்.

நாலைந்து நாள் கழித்து ஒரு மதியம் டாக்டரம்மா என் மார்பைக் கூர்ந்து பார்த்தார். "ஜெயராணி, உன் வாட்ச்ல ஓரமா கே.டி.எம்.னு மூணு எழுத்து இருக்கே, என்ன அது?"

"கம்பெனி பேரா இருக்கும் டாக்டர்."

"காரியாபட்டி டைமா இருக்கும்" என்றார் மேட்ரன்.

டாக்டரம்மா தன் செல்போனை எடுத்து என் கடிகாரத்தின் பக்கத்தில் பிடித்தார். அவர் முகம் மாறியது. கடிகாரத்தோடு வந்த சின்னப் புத்தகத்தை எடுத்து வரச் சொன்னார். (பெட்டியில் பத்திரமாக வைத்திருந்தேன். பிரித்ததே இல்லை.) கடைசிப் பக்கங்களில் ஊர்ப் பட்டியல் இருந்தது. டெல்லிக்கு அடுத்த வரியில் விரலை வைத்தார்.

"காட்மாண்டு. நேபாளம். நம்மளவிடப் பதினஞ்சு நிமிஷம் முன்னால ஓடுற ஊரு."

பாக்கெட்டில் மாட்டிய ஊக்கு ஏதோ ஒரு நேரத்தில் பொத்தானை அழுத்தியிருக்கிறது. கடிகாரம் ஒரு விநாடிகூடத் தப்பாமல் நேபாளத்துக்கு உழைத்துக்கொண்டிருந்தது. நான் நாற்காலி போட்டு ஏறி, சரியாக ஓடிய சுவர்க் கடிகாரத்தையும் அங்கே அனுப்பி வைத்திருந்தேன். மேட்ரனின் நோட்டில் நான் கடிகாரம் திருத்திய தேதி இருந்தது. எண்ணிப் பார்த்தோம். பதினோரு நாள். பத்துக் குழந்தை.

மேட்ரன் சத்தம் போடவில்லை. போட்டிருக்கலாம். பதிவேட்டையும் சிவப்புப் பேனாவையும் என் முன்னால் வைத்தார். "ஒவ்வொண்ணா அடிச்சுத் திருத்தி கையெழுத்துப் போடு. அப்புறம் ஒவ்வொரு வீட்டுக்கும் நீயே போயிச் சொல்லிட்டு வா."

ஒன்பது வீடுகளில் எப்படியோ தப்பித்தேன். ஒரு வீட்டில் சிரித்தார்கள், ஒரு வீட்டில் வைதார்கள். ஒரு அம்மா சந்தோஷப்பட்டுக் கேசரி கொடுத்தார். பழைய நேரத்தைவிடப் புது நேரம் நல்ல நேரமாம். அச்சங்குளத்தைக் கடைசிக்கு வைத்திருந்தேன். அங்கே கேசரி கிடைக்காது என்று தெரியும்.

முத்துலட்சுமி வாசலில் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் சொன்னதை முழுக்கக் கேட்டாள்.

"அப்ப எம் பிள்ளை ரோகிணி இல்லையா?"

"இல்ல. பத்து பன்னிரண்டுக்குப் பிறந்தவ. எங்க தப்பு. என் தப்பு."

"எங்கண்ணே ரெண்டு தெரு தள்ளித்தான் இருக்கு சிஸ்டர். குழாயடிக்கு வந்தாக்கூட இந்தப் பக்கம் திரும்பிப் பாக்காது. ஆலையில வேலையும் போச்சு."

"வேலை எப்படிப் போச்சு?"

அவள் சொன்னது இன்றும் என் தூக்கத்தைக் கெடுக்கிறது. ரோகிணி விஷயம் ஆலைக்குள் பரவியிருக்கிறது. மருந்து கலக்கும் அறையில் கூட நின்றவர்கள் போர்மேனிடம் போய், "அவனுக்கு ஒண்ணுன்னா பக்கத்துல நிக்கிற எங்களுக்கும் சேத்துத்தான" என்று சொல்லியிருக்கிறார்கள். அந்த அறையைப் பொறுத்தவரை அது மூடநம்பிக்கை என்று சொல்ல எனக்கே வாய் வரவில்லை. தீபாவளிச் சீசனில் அவனை வெளியே அனுப்பிவிட்டார்கள்.

கருப்பசாமி வீட்டுக்குப் போனேன். அவன் அந்த லேபிளை இன்னும் வைத்திருந்தான். என் சிவப்பு மைத் திருத்தத்தையும் அதையும் மாறி மாறிப் பார்த்தான்.

"எது நெசம் சிஸ்டர்?"

"இதுதான். பத்து பன்னிரண்டு."

"அன்னைக்கும் இப்படித்தான் அடிச்சுச் சொன்னீக. செகண்டோட சொன்னீக."

சத்தியம் செய்யலாம் என்றால் எதன் மேல் செய்வது?

அவன் என்னையும் கூட்டிக்கொண்டு ஜோசியரிடம் போனான். ஜோசியர் இரண்டு நேரத்தையும் பார்த்தார். என் உடுப்பைப் பார்த்தார். "ஆஸ்பத்திரிக்கே சந்தேகம்னா நமக்கும் சந்தேகந்தான். எதுக்கும் ரோகிணிக்கு உண்டானதைச் செஞ்சுருவோம். நேரா முழிக்க வேண்டாம். மொதல்ல எண்ணெயில பாத்துரட்டும்."

மறு வெள்ளிக்கிழமை காலையில் நானும் போனேன். யாரும் கூப்பிடவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. வெண்கலச் சட்டியில் நல்லெண்ணெய் ஊற்றி வைத்திருந்தார்கள். கருப்பசாமி அதன் முன்னால் குனிந்து உட்கார்ந்தான். அவன் தோளுக்குப் பின்னால் நின்று முத்துலட்சுமி குழந்தையைச் சட்டிக்கு நேராகத் தாழ்த்திப் பிடித்தாள்.

அவன் எண்ணெய்க்குள் பார்த்தான்.

"அம்மா மூக்கு" என்றான் கடைசியில்.

"அழாதண்ணே. எண்ணெயில விழுது, பாரு. பிள்ளை மொகம் ஆடுது."

அந்த நேரம் பார்த்துக் குழந்தை மூத்திரம் பெய்தது. பாதி எண்ணெயிலும் பாதி அவன் தலையிலும். கூட நின்ற பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். "தோஷம் கழிஞ்சுருச்சுலே கருப்பா!" என்றது ஒரு குரல். அவன் தலையைத் துடைக்காமலே திரும்பி, முதல்முறையாக நேருக்கு நேர் குழந்தையைப் பார்த்தான். நானும் சிரித்துவிட்டேன். சிரித்தபடி முத்துலட்சுமியைப் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை.

வாசல் வரை என்னோடு வந்தாள். "பொறந்தவொடனே எங்கண்ணே கையிலதான் மொதல்ல குடுக்கணும்னு பத்து மாசமா நெனச்சுக்கிட்டே இருந்தேன் சிஸ்டர். பேறுகாலம் பாக்க அம்மா இல்ல பாருங்க, அதுனால." தெருவை எட்டிப் பார்த்தாள். "சரி, பஸ்ஸுக்கு நேரமாச்சு. போயிட்டு வாங்க."

கருப்பசாமியை அந்த அறையில் மறுபடி சேர்த்துக்கொள்ளவில்லை. ஒரு பிள்ளைக்கு இரண்டு நேரம் வைத்திருக்கிற தாய்மாமன் அவர்களுக்கு வேண்டாமாம். திருத்தங்கலில் ஒரு அச்சகத்தில் காகிதம் சுமக்கப் போனான் என்று கேள்விப்பட்டேன். கூலி குறைவு. உயிருக்குப் பயமில்லாத வேலை என்று என் மனதைத் தேற்றப் பார்த்தேன். அது தேறவில்லை.

எங்கள் வீட்டில் இது பெரிய ஜோக். விருந்தாள் யார் வந்தாலும் என் கணவர் ஆரம்பித்துவிடுவார்: "இவுக நேபாளத்துல நர்ஸா இருந்தவுக, தெரியுமா?" பஸ் டிரைவரோடு போட்ட சண்டை, ரேடியோக்காரன் தப்பு, காரியாபட்டி டைம் எல்லாம் வரும். என் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குத் தாமதமாகக் கிளம்பும்போது, "காட்மாண்டுல பெல் அடிச்சாச்சு!" என்று கத்துவார்கள். டாக்டரம்மா பட்டியலில் விரல் வைக்கும் இடத்தில் எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அவர் கதை அங்கே முடிந்துவிடும். அதற்குப் பிறகு நான் அச்சங்குளத்துக்குப் பஸ் ஏறியதை அவரிடம் சொன்னதே இல்லை. நானும் சேர்ந்து சிரித்துவிட்டு, காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குள் போய்விடுவேன்.