தீச்சிறகு அங்கி

தூசி தட்டும் துணியோடு பல் டாக்டர் டிவி முன்னால் சிலையாக நின்றார். திரையில் அவர் மனைவியின் வீராங்கனை நின்றிருந்தாள். அவள் தோளிலிருந்து தரைவரை நெருப்பு நிறத்தில் புரளும் அங்கியைக் காணோம். தங்க முகமூடியையும் காணோம். நேர்முகத் தேர்வுக்கு வந்தவள் மாதிரி, வெறும் சாம்பல் சட்டையில், கையில் ஒரு சின்னத் துப்பாக்கியோடு நின்றாள்.

நடந்தது இதுதான். மேசையைத் துடைக்கும்போது விளையாட்டுக் கருவியின் பட்டன்கள் துணிக்கடியில் நெரிபட்டன. டிவி தானாக உயிர் பெற்றது. திரையில் ஏதோ கேள்வி வந்தது. பதறிப்போய்க் கைக்குக் கிடைத்த பட்டன்களை அமுக்கினார். 'புதிய ஆட்டம்' என்று வந்து நின்றது.

"அழிச்சுட்டேன்," என்று துணியிடம் சொன்னார்.

சுரங்கத்துக்குள் இறங்கி, எதிர்ப்படுவதையெல்லாம் சுட்டுக்கொண்டே ஓடும் விளையாட்டு அது. செத்தால் துப்பாக்கி, குண்டு, கடந்த தூரம் எல்லாம் போச்சு. மறுபடி மேல் தளத்திலிருந்து தொடங்க வேண்டும். ஜெயித்த உடைகள் மட்டும் கூடவே இருக்கும். தீச்சிறகு அங்கியோ அடித்தளத்து ராட்சதனைக் கொன்றால்தான் கிடைக்கும். ஒரு மழைக்காலம் முழுக்கப் போராடி அதை வாங்கிய அன்று, மனைவி அவரை உட்காரவைத்துக் காட்டினாள். பல்லுக்கு நிறம் பார்க்கும் பழக்கத்தில், "ஷேடு நல்லா இருக்கு," என்றார் அவர்.

"இந்த வீட்டுல முழுசா என்னோடதுன்னு இருக்கறது இது ஒண்ணுதாங்க," என்றாள் அவள்.

அந்தப் பேச்சு இப்போது சொத்தைப் பல்லில் குளிர்ந்த தண்ணீர் பட்ட மாதிரி சுரீரென்றது.

நில அளவை வேலையாக வெளியூர் போயிருந்த அவள் சரியாக அந்த நேரம் பார்த்து போன் செய்தாள்.

"வீட்டுல என்ன விசேஷம்?"

"ஒண்ணுமில்லையே! என்ன விசேஷம் இருக்கணும்?"

"சும்மா கேட்டா ஏன் இப்படிப் பதறுறீங்க?"

"பதறல. தூசி தட்டிக்கிட்டிருக்கேன்."

"சரி, ஞாயித்துக்கிழமை வந்துடுவேன்."

போனை வைத்ததும் முடிவெடுத்துவிட்டார். அவள் வருவதற்குள் அந்த அங்கியைத் தானே ஜெயித்து, அந்தப் பெண்ணின் தோளில் மாட்டிவிடுவது. பிடுங்கவே முடியாது என்று மற்றவர்கள் கைவிட்ட கடைவாய்ப்பற்களைப் பிடுங்கிய கை இது. சுரங்கம் என்ன பெரிய சுரங்கம்?

முதலில் ஒரு வௌவால் கொன்றது. பிறகு, எந்த பட்டன் எதற்கு என்று பார்க்கப் போய், தன் காலடியிலேயே எறிகுண்டைப் போட்டுக்கொண்டு செத்தார்.

ஓய்வுபெற்ற பஸ் டிரைவரான மாமனார் சத்தம் கேட்டு அறையிலிருந்து வந்தார்.

"என்ன மாப்பிள்ளை, காலங்காத்தால துப்பாக்கிச் சத்தம்?"

"சும்மா பொழுதுபோக்கு மாமா."

"பொழுது போற மாதிரி தெரியலையே. இப்படி வேர்த்துக் கொட்டுதே! ஜெயிச்சா என்ன குடுப்பான்?"

"ஒரு அங்கி."

"குண்டு துளைக்காதோ?"

"துளைக்கும். அழகுக்குத்தான்."

மாமனார் கொஞ்சம் யோசித்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "லெஃப்ட்ல வண்டி வருது பாருங்க."

"வண்டி இல்ல மாமா, சிலந்தி."

"எதுவா இருந்தா என்ன, ஒதுங்குங்க!"

அவர் ஒதுங்குவதற்குள் சிலந்தி முடித்துவிட்டது.

புதன்கிழமை ஒருவழியாக அடித்தளத்தை எட்டிப் பார்த்தார். கல்லால் செய்த ராட்சதன் இரண்டு கைகளாலும் தரையை ஓங்கி அறைந்தான். அதிர்ச்சி அலை ஒன்று வட்டமாகப் பரவி வந்து அவரை நசுக்கியது. எந்தப் பக்கம் ஓடினாலும் அலை விடவில்லை.

அன்று க்ளினிக்குக்குக் கடைவாய்ப்பல் பிடுங்க வந்த கல்லூரி மாணவியின் பனியனில் அதே தீச்சிறகு அங்கி அச்சடித்திருந்தது. டாக்டருக்குத் தெய்வமே வந்து நாற்காலியில் சாய்ந்த மாதிரி இருந்தது. ஆனால் மரத்துப்போக ஊசி போட்டு, வாய் நிறையப் பஞ்சை வைத்த பிறகுதான் பனியனைக் கவனித்தார்.

"ஏம்மா, அந்த ராட்சதன் தரையில அறையும்போது என்ன செய்யணும்?"

அவள் கண்கள் விரிந்தன. "கு...ஹி!"

"குழியா?"

அவள் வேகமாகத் தலையை ஆட்டினாள்.

"ஆட்டாதேம்மா, பல்லு உடைஞ்சுடும். குழிதானே? புரிஞ்சுபோச்சு!"

வீட்டுக்கு வந்தவர் வௌவால், சிலந்தி எல்லாவற்றையும் தாண்டி இறங்கி, அடித்தளத்தின் மூலையில் நிஜமாகவே ஒரு குழியைக் கண்டுபிடித்துப் பதுங்கினார். ராட்சதன் வந்து, டப்பாவுக்கு மூடி போட்ட மாதிரி அதன்மேல் உட்கார்ந்தான்.

மறுநாள் தையலைக் காட்ட வந்த மாணவி தலையில் அடித்துக்கொண்டாள். "நான் 'குதி'ன்னு சொன்னேன் டாக்டர்! அலை வரும்போது குதிக்கணும். குழில போய் யாராவது உட்காருவாங்களா?"

சரி, குதிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். அதற்கு நேரம் வேண்டும். வரவேற்பில் இருந்த பெண்ணிடம், மத்தியான நோயாளிகளை அடுத்த வாரத்துக்குத் தள்ளச் சொன்னார்.

"என்ன காரணம் சொல்லட்டும் டாக்டர்?"

"ஏதாவது சொல்லும்மா."

"டாக்டருக்குக் கை சரியில்லை," என்று அவள் எல்லோருக்கும் சொல்லிவிட்டாள். வேறு எந்த டாக்டருக்குக் கை சரியில்லை என்றாலும் பரவாயில்லை. காலை நோயாளிகளும் பயந்துபோய் வரமாட்டோம் என்றார்கள். பாதி குடைந்த பல்லோடு இருந்த தையல்காரர் மட்டும் வீட்டுக்கே வந்து, "மீதிப் பாதிய யாருங்க குடைவா?" என்று கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். வாசலிலேயே வாயைத் திறக்கச் சொல்லி, தற்காலிகமாக அடைத்து அனுப்பினார் டாக்டர். சேதி அதற்குள் வெளியூர் வரை போய்விட்டது.

"கைக்கு என்னாச்சு?" என்றாள் மனைவி போனில்.

"கை நல்லாத்தானே இருக்கு!"

"அப்புறம் ஏன் க்ளினிக்கைச் சாத்தினீங்க?"

டாக்டர் போனை மறு காதுக்கு மாற்றினார்.

"மறைக்காதீங்க. நான் நாளைக்கே கிளம்பி வர்றேன்."

வெள்ளிக்கிழமை காலையிலிருந்து டாக்டர் நாற்காலியைவிட்டு எழவில்லை. கட்டைவிரல் வீங்கி, இப்போது கை நிஜமாகவே சரியில்லை. அதில் துணியைச் சுற்றிக்கொண்டார். செத்தார்; இறங்கினார். செத்தார்; இறங்கினார். எரிச்சல் வரவில்லை. வேர் வளைந்த பல் முரண்டு பிடிக்கும்போது வருகிற ஒரு நிதானம் அவருக்குள் வந்திருந்தது.

மத்தியானம் மறுபடி ராட்சதன் முன்னால் நின்றார். அலை வந்தது; குதித்தார். சுட்டார். கைகள் இறங்கின, உருண்டு விலகினார். சுட்டார். ராட்சதனின் உயிர்க்கோடு ஒரு நகக்கண் அளவுக்குக் குறைந்தது. அவருடையது அதைவிடக் குறைவு.

வாசலில் மணி அடித்தது.

"மாமா! கொஞ்ச நேரம் அவளை வாசல்லயே பேச்சுல நிறுத்துங்க!"

ஏன் என்று கேட்காமல் மாமனார் ஓடினார். "வாம்மா! எந்த பஸ்ல வந்த? டிரைவர் எப்படி ஓட்டினான்? பிரேக்கை மிதிச்சு மிதிச்சு ஓட்டினானா?"

"அப்பா, வழியை விடுங்க! அவருக்குக் கை எப்படி இருக்கு?"

"கை இருக்கட்டும், கியர் மாத்தும்போது உலுக்குச்சா?"

ராட்சதன் கடைசியாக அறைந்தான். டாக்டர் குதித்தார். காற்றில் இருந்தபடியே கையில் மிச்சமிருந்த ஒரே எறிகுண்டை அவன் முகத்தில் எறிந்தார். கல்லெல்லாம் பொலபொலவென்று உதிர்ந்தது. புழுதி அடங்கியபோது, நெருப்பு நிறத்தில் அங்கியும் தங்க முகமூடியும் அந்தரத்தில் மிதந்தன. வீங்கிய விரலால் இரண்டையும் எடுத்து மாட்டினார்.

மனைவி உள்ளே வந்தாள். அவர் கையைப் பார்த்தாள். திரையைப் பார்த்தாள். தோள்பை நழுவித் தரையில் விழுந்தது.

"இது... இது எப்படி?"

இனி மறைக்கத் தேவையில்லை. "மன்னிச்சிடு. தூசி தட்டும்போது உன் ஆட்டத்தை அழிச்சுட்டேன். அதான் மொதல்லேர்ந்து ஆடி, எல்லாத்தையும் திரும்ப ஜெயிச்சு வச்சுட்டேன். பாரு, அதே அங்கி!"

அவள் கண்ணில் தண்ணீர் தளும்பியது. சந்தோஷம்தான் என்று நினைத்து அவர் முகமெல்லாம் பல்லாகச் சிரித்தார். அவள் மட்டும் சிரிக்கவில்லை.

பின்னாலேயே அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்த மாமனார் சொன்னார்: "நீங்க எங்க அழிச்சீங்க மாப்பிள்ளை? கிளம்புற அன்னைக்கு அவளேதான் ஆசையா அழிச்சுட்டுப் போனா. திரும்பி வந்து மொதல்லேர்ந்து ஒவ்வொண்ணா ஜெயிக்கணும்னு அடுத்த வாரம் பூரா லீவு வேற போட்டிருக்கா!"