என் சாமான் அறையைப் பிடுங்கிய ஸ்வெட்டர்காரர்

சித்திரை வெயிலில் பாண்டிச்சேரித் தெருவில் கம்பளி ஸ்வெட்டரும் குரங்குக் குல்லாவும் போட்டுக்கொண்டு நடந்த மனுஷன் உலகத்திலேயே ஒருவர்தான். அந்த ஒருவர் என் தலையில்தான் வந்து விடிந்தார்.

அவரைப் பார்த்தால் தெருநாய் குரைக்காது, யோசிக்கும். ஐஸ் விற்கிறவன் சைக்கிளிலிருந்து இறங்கி, "காய்ச்சலா சார்?" என்று கேட்பான். முன்னே வேலை பார்த்த இடத்தில் குளிர் அறையாம், உடம்பு பழகிவிட்டதாம். மூலக்குளத்திலிருந்து பஸ்ஸில் வருவார். பஸ்ஸில் அவர் பக்கத்தில் யாரும் உட்காரமாட்டார்கள். அதையும் ஒரு வசதி என்பார். எங்கள் ஆபீஸ் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ள வந்தவர். பேர் என்னவோ இருந்தது. ஆபீசில் எல்லோருக்கும் அவர் ஸ்வெட்டர்காரர்.

ஆபீஸ் என்றால், கடைக்காரர்களுக்குக் கணக்கு எழுதிக் கொடுக்கும் கம்பெனி. கடற்கரைப் பக்கம் பிரெஞ்சுக்காரன் காலத்து வீடொன்றில் நடக்கிறது. அங்கே சமையல் நான். காலையில் இட்லி, மத்தியானம் சாப்பாடு, வெள்ளிக்கிழமை தேங்காய்த்திட்டுத் துறைமுகத்து மீன். கன்னியாஸ்திரிகள் பள்ளிக்கூடத்தில் இரண்டாவதோடு நின்றவள் நான், எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன். ஆனால் என் குழம்பைக் குறை சொல்லி ஒருத்தர் வாய் திறந்ததில்லை.

சமையல்கட்டுக்குப் பின்னால் ஓர் அறை இருந்தது. ஒரு முழம் தடிமனான சுவர். வெயிலும் எட்டிப் பார்க்காது, காற்றும் நுழையாது. அரிசி மூட்டை, புளி, மிளகாய், ஊறுகாய் ஜாடி, மூலையில் மாவுத் தவலை என்று எல்லாம் அங்கே சௌகரியமாக இருந்தன. ஒருநாள் ஸ்வெட்டர்காரர் விறுவிறுவென்று அதற்குள் போனார். பிள்ளைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல் சுவரில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார்.

"இந்த ரூம்தான்."

"இன்னா இந்த ரூம்தான்?"

"சர்வர் மெசினுக்கு, மதாம்."

மற்றவர்கள் என்னை ஆயா என்பார்கள். நான் அவர்கள் யாருக்கும் ஆயா இல்லை. இவர் ஒருத்தர்தான், பிரெஞ்சுக்கார அம்மாளைக் கூப்பிடுவதுபோல், மதாம் என்பார். அது மரியாதையா கிண்டலா என்பது எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

"ஊறுகா இருக்குது தம்பி."

"ஊறுகா வெளிய கெடந்தாலும் ஒண்ணும் ஆவாது. மெசின் தாங்காது."

மேனேஜர் தலையை ஆட்டிவிட்டார். என் ஜாடிகள் மாடிப்படிக்குக் கீழே போயின. அறைக்கு ஏசி வந்தது. அடுப்படிக்கு ஒரு மேஜை ஃபேன் கேட்டபோது "பார்க்கலாம்" என்ற அதே மேனேஜர்தான், இரும்புப் பெட்டிக்கு வியர்க்கும் என்று ஏசி வாங்கிக் கொடுத்தார். அன்றைக்கு நான் ரசத்துக்குத் தாளிக்கவில்லை.

அதோடு அந்த மனுஷன் நிற்கவில்லை. ஒவ்வொருவர் மேஜையிலும் இருந்த கம்ப்யூட்டரைக் கழற்றிவிட்டு, சோப்புப் பெட்டி மாதிரி ஒன்றை வைத்துத் திரையோடு கோத்துவிட்டார். அதற்குத் 'தின் கிளையன்ட்' என்று பேராம். அதற்குள் ஒன்றுமே கிடையாதாம். வேலை எல்லாம் என் அறையில் இருக்கிற மெசினில் நடக்குமாம். இவர் எதை அனுப்புகிறாரோ அதன் படம் மட்டும் அவரவர் திரையில் வருமாம்.

"புரியலயா மதாம்? நீங்க ஒரு எடத்துல சமைக்கிறீங்க. தட்டு மட்டும் டேபிளுக்குப் போவுது. யாராச்சும் அடுப்பாண்ட வராங்களா?"

"வந்தா கரண்டியாலயே போடுவேன்."

"நானும் அதத்தான் செய்யறேன்."

மெசின் வைக்கவும் என் அறை, விளக்கம் சொல்லவும் என் சமையல்கட்டு. இதைவிட அநியாயம் உண்டா, நீங்களே சொல்லுங்கள்.

அவர் அனுப்பிய விதமும் பந்தியில் கஞ்சன் பரிமாறுவது மாதிரிதான். பில் போடும் வேலுவுக்கு பில் மட்டும். கடிதம் அடிக்கும் பெண்ணுக்குக் கடிதம் மட்டும். பாட்டு கிடையாது, படம் கிடையாது. மேனேஜர் வெகுநாளாகக் கம்ப்யூட்டரில் சீட்டு ஆடிக்கொண்டிருந்தவர். அதைக் காணோம் என்று அவரே அறை வாசலுக்கு வந்து நின்றார்.

"அந்த சீட்டு மட்டும் எனக்கு அனுப்பிச்சிடுப்பா."

"ஒங்க வேலைக்கு சீட்டு எதுக்கு சார்?"

கதவு சாத்திக்கொண்டது. மேனேஜர் என்னிடம் வந்து ஒரு காப்பி கேட்டார். குடித்துவிட்டு, "திமிரு பாத்தியா ஆயா?" என்றார். அந்த வாரம் முழுக்க இப்படி ஒவ்வொருத்தராக வந்து என் அடுப்படியில் உட்கார்ந்து அவரைத் திட்டினார்கள். நானும் ஆளுக்கொரு வடையைக் கொடுத்துத் திட்ட வைத்தேன்.

கார்த்திகை மழை வந்தது. படிக்குக் கீழே ஈரக்காற்று. மாவு பொங்கவில்லை. முன்பு அந்த அறை மூலையில் சாக்கைச் சுற்றி வைத்தால் தானாகப் பொங்கிய மாவு, இப்போது வைத்தது வைத்தபடி கிடந்தது. இட்லி கல்லாகிவிட்டது. வேலு ஒன்றை எடுத்து மேஜையில் தட்டிக் காட்டி, "ஆயா, இது ஆணி அடிக்க ஆவும்" என்றான். மேனேஜர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்:

"தை மாசத்திலிருந்து டிபன், சாப்பாடு எல்லாம் வெளியவே சொல்லிடலாம்னு பாக்கறேன்."

எனக்கு அந்த அடுப்பு போனால் என்ன இருக்கிறது? சாயங்காலம் மாவுத் தவலையை இடுப்பில் வைத்துக்கொண்டு நெல்லித்தோப்பு வீட்டுக்குக்கூடப் போகாமல், அந்தக் கதவை உதைக்காத குறையாகத் தட்டினேன்.

"யோவ், ஒன்னாலதான் என் பொழப்பு போவுது. என் ரூம குடு."

ஸ்வெட்டர்காரர் கதவை ஒரு சாண் திறந்தார். என்னைப் பார்த்தார். தவலையைப் பார்த்தார்.

"குடுங்க."

"உள்ள நானே வெக்கிறேன்."

"மேனேஜரே உள்ள வரக்கூடாது மதாம். நீங்க வாசல்ல குடுங்க, வாசல்லயே வாங்கிக்குங்க. நடுவுல இன்னா நடக்குதுன்னு ஒங்களுக்கு எதுக்கு? இங்க எல்லாருக்கும் அதான் சட்டம்."

என் அறை, என் தவலை, என் மாவு, அவர் சட்டம். பல்லைக் கடித்துக்கொண்டு கொடுத்தேன்.

காலையில் கதவு ஒரு சாண் திறந்தது. மாவு மூடியைத் தள்ளிக்கொண்டு நின்றது. எப்படி என்று கேட்டேன். "மெசினுக்கு முன்னாடி ஊட்டி, பின்னாடி அடுப்பு" என்றார். அன்றைய இட்லியைப் பார்த்துவிட்டு மேனேஜர் தை மாதத்தை மறந்துவிட்டார்.

அதிலிருந்து தினமும் வாசலில் கொடுத்து வாசலில் வாங்கினேன். ஒருநாள் காலை, நான் தவலையை வாங்கப் போன நேரத்தில், வெளியூர்ப் பெரிய மனிதர்கள் வந்தார்கள். மேனேஜர் பெருமையாக, "எங்க ஆபீசோட மூளையே இதுக்குள்ளதான் இருக்கு" என்று கதவைத் திறக்கச் சொன்னார். வாசலில் நின்றே பார்க்க வேண்டும் என்ற கட்டளையோடு ஸ்வெட்டர்காரர் திறந்தார். மெசினுக்குப் பின்னால், துண்டைச் சுற்றிக்கொண்டு, தலையில் செங்கல்லோடு என் தவலை.

"அது என்ன?" என்றார் ஒரு பெரிய மனிதர்.

ஸ்வெட்டர்காரருக்குக் கண்கூட இமைக்கவில்லை.

"பேக்கப் சார். தெனம் சாயங்காலம் வெச்சு காலையில எடுக்கறது."

அவர்கள் தலையாட்டினார்கள். மேனேஜர் என்னைப் பார்த்தார். தவலையில் என் பேர் வெட்டியிருந்தது. ஆனால் அன்றைக்கு அவர் சாப்பிட வேண்டிய இட்லி அதற்குள்தான் இருந்தது. "ரொம்ப முக்கியமான பேக்கப்" என்று கதவைச் சாத்திவிட்டார்.

போன வருஷம் மெசினே இங்கே வேண்டாம் என்று மேலிடத்தில் முடிவு செய்தார்களாம். எந்த ஊரிலோ பெரிய மெசின் இருக்கிறதாம், படமெல்லாம் அங்கிருந்தே வருமாம். ஆட்கள் வந்து மெசினைத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஏசியைக் கழற்றினார்கள். அப்படியே அந்த மனுஷனையும் கழற்றிவிட்டார்கள். சீட்டு கேட்டபோது தராத ஆளுக்காக மேனேஜர் ஒரு வார்த்தை பேசவில்லை. அன்று வெள்ளிக்கிழமை. மேனேஜர் தட்டில் மீனின் வால் துண்டைத்தான் போட்டேன், அதற்கடுத்த வெள்ளிக்கிழமையும்.

போகிற நாளன்று அந்த மனுஷன் அடுப்படிக்கு வந்தார். முதலில் யாரோ என்று நினைத்தேன். ஸ்வெட்டர் இல்லை, குல்லா இல்லை. இவ்வளவு ஒல்லியான ஆளையா நான் இத்தனை நாள் திட்டினேன்?

"ரூம் ஒங்களுது மதாம்," என்று சாவியை வைத்தார்.

"இப்பவாச்சும் புத்தி வந்துதே," என்றேன். நாலு இட்லி வைத்தேன். ஒன்றுகூட மிச்சம் வைக்காமல் சாப்பிட்டுவிட்டுப் போனார். சென்னையில் வேறு கம்பெனியாம்.

அறையில் என் மூட்டைகள் திரும்ப வந்துவிட்டன, ஜாடிகள் வந்துவிட்டன. சுவர் ஆணியில் அந்த ஸ்வெட்டர் தொங்கியது. மறந்துவிட்டுப் போனாரா, வைத்துவிட்டுப் போனாரா, அதைக்கூட ஒழுங்காகச் சொல்லாத மனுஷன். இந்தக் கார்த்திகையில் மாவுத் தவலைக்கு அதைத்தான் சுற்றி வைக்கிறேன். நன்றாகப் பொங்குகிறது.

கேட்டால் தரமாட்டேன். ஆனால் வந்து கேட்கட்டும்.