லிங்கசாமி எடுக்காத பர்ஸ்

தம் கையில் ஓர் அந்நியப் பெண்மணியின் சிவப்புப் பர்ஸ் இருப்பதும், அந்தப் பெண்மணி தென்னம்பாளையம் நிறுத்தத்தில் இறங்கிப் போய்விட்டதும், பேருந்து நகர்ந்த பிறகுதான் லிங்கசாமிக்கு ஒருசேர உறைத்தன.

நடந்தது இதுதான். பல்லடத்திலிருந்து திருப்பூர் வரும் காலை நேரப் பேருந்தில், முன்னால் நின்ற ஓர் அம்மாளின் ஒயர்க்கூடையிலிருந்து அந்தப் பர்ஸ் முக்கால் பங்கு வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. ஒழுங்கீனத்தைக் கண்டால் லிங்கசாமியின் கை சும்மா இராது. கீழே விழுந்துவிடுமே என்று எடுத்தார். எடுத்ததைக் கொடுப்பதற்காகத் தொண்டையைச் செருமினார். செருமி முடிப்பதற்குள் கூட்டம் அந்த அம்மாளைப் படிக்கட்டு வழியாக வெளியேற்றிவிட்டது. முகத்தைக்கூட அவர் பார்க்கவில்லை.

‘எடுத்தார்’ என்ற சொல்லை லிங்கசாமி பின்னர் ஒருபோதும் ஒப்புக்கொள்ளவில்லை. ‘தாங்கிப் பிடித்தேன்’ என்பதே அவர் தரப்பு.

வேறு நாளாக இருந்திருந்தால் பாதகமில்லை. பனியன் கம்பெனி ஒன்றில் பத்தொன்பது ஆண்டுகளாகச் செக்கிங் சூப்பர்வைசராக இருந்துவரும் அவரிடம், அன்று பதினொரு மணிக்கு, புது நூல் குடோனின் சாவியை முதலாளி ஒப்படைப்பதாக இருந்தது. அந்தச் சாவி வெறும் இரும்புத் துண்டன்று. ‘இவர் கை சுத்தம்’ என்று நாற்பது பேருக்கு முன்னால் வழங்கப்படும் நற்சான்று. அதை வாங்க வேண்டிய கையில் இப்போது அடுத்தவர் பர்ஸ் இருந்தது.

"ஏனுங்க, லேடீஸ் பர்ஸுங்களா?" என்றார் பக்கத்தில் நின்றவர்.

"என்ற ஊட்டுக்காரியிதுங்க."

"ஊட்டுக்காரம்மா பஸ்ஸுல இருக்கறாங்களா?"

"இல்லீங்க. ஊட்டுல இருக்குது."

"அப்ப பர்ஸு மட்டும் வந்துருக்குதுங்களா?"

லிங்கசாமி அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கி, மீதித் தொலைவை நடந்தே கடந்தார்.

நடக்கும்போது பர்ஸைத் திறந்து பெயர், முகவரி ஏதேனும் உண்டா என்று பார்த்திருக்கலாம். அவர் பார்க்கவில்லை. மதிய உணவு வேளைதோறும் துப்பறியும் மாத நாவல் படிப்பவர் அவர். அந்த நாவல்களில், பன்னிரண்டாம் பக்கத்தில் பிறர் பர்ஸைத் திறப்பவன் எண்பதாம் பக்கத்தில் விலங்கோடு நிற்பான். மேலும், பர்ஸ் நல்ல கனமாக இருந்தது. யாருடைய அறுவைச் சிகிச்சைப் பணமோ, எந்தப் பெண்ணின் தாலிக்கொடியோ என்று நினைக்க நினைக்க அது இன்னும் கனத்தது.

கம்பெனியில் அவருடைய மேசைக்கு வந்த முதல் ஆள் சித்ரகலா. கண்ணும் வாயும் கூர்மையான தையல்காரப் பெண்.

"என்னுங்கண்ணா, சாவி வாங்கற அன்னிக்குப் பர்ஸெல்லாம் புதுசா இருக்குது. அதும் செவப்புல."

"உங்க அண்ணியிது கண்ணு. பிரிஞ்சு போச்சுன்னு தைக்கக் கொண்டாந்தேன்."

"குடுங்க, ரெண்டு நிமிசத்துல தச்சுத் தர்றேன்."

"வேண்டாங்கண்ணு. இதுக்கு வேற நூலு வேணும்."

"நூலுக்குப் பஞ்சம் வந்த எடத்துலயாங்கண்ணா நாம வேலை பாக்கறோம்?"

அவள் கையை நீட்டினாள். அவர் பர்ஸை மேசைமேல் கிடந்த குழந்தைப் பனியன் குவியலுக்கு அடியில் செருகிவிட்டு, அவசர வேலை இருப்பதாகச் சொல்லி அலுவலக அறைக்கு நடந்தார். அவசர வேலை இருக்கத்தான் செய்தது. பேருந்துப் பணிமனைக்குத் தொலைபேசியில் அழைத்தார்.

"பர்ஸ் விசயமாப் பேசறேனுங்க. காலைல பல்லடம் பஸ்ஸுல."

"தொலஞ்சு போச்சுங்களா?"

"இல்லீங்க. கெடச்சுப் போச்சு."

"கெடச்சுப் போச்சுன்னா சந்தோசமுங்க. எதுக்குப் போன் பண்றீங்க?"

"தொலச்சவங்க யாருன்னு தெரியலீங்க."

"தொலச்சவங்க யாருன்னு தெரியாமயே கெடச்சுதுங்களா?"

லிங்கசாமி ரிசீவரை வைத்துவிட்டுத் தம் மேசைக்குத் திரும்பி வந்தார். மேசையின்மேல் குவியல் இல்லை.

"பேக்கிங்குக்கு அனுப்பியாச்சுங்கண்ணா. லாரி வந்து நிக்குது" என்றாள் சித்ரகலா.

பேக்கிங் பிரிவில் முப்பத்தாறு அட்டைப்பெட்டிகள், வாய் ஒட்டப்பட்டு, ஒன்றுக்கொன்று எள்ளளவும் வேறுபாடின்றி நின்றன. எல்லாம் வெளிநாட்டுக்குப் போகிறவை. அவற்றுள் ஒன்றில் பர்ஸும் கடல் கடக்கத் தயாராக இருந்தது.

"எல்லாத்தையும் பிரிங்க" என்றார் லிங்கசாமி.

"எதுக்குங்க?"

"சைஸ் ஸ்டிக்கர் தப்பு."

ஏழு பெட்டிகளைப் பிரித்துக் கைவிட்டுத் துழாவினார். பர்ஸ் இல்லை. ஸ்டிக்கர்களிலும் தவறு இல்லை. ஆனால், சூப்பர்வைசரே தப்பு என்று சொன்னபின் தயங்கலாகாது என்று எண்ணிய பேக்கிங் பெண்கள், அந்த ஏழு பெட்டிப் பனியன்களிலும் சரியாக இருந்த ஸ்டிக்கர்களை வெகு கவனமாக உரித்துவிட்டிருந்தார்கள். வெளியே லாரி ஓட்டுநர் விடாமல் ஹாரன் அடித்தார். அந்தச் சத்தத்துக்குப் பயந்து யாரோ, பிரிக்காத பெட்டி ஒன்றை ஊசி கண்டுபிடிக்கும் மிஷினில் ஏற்றிவிட்டார்கள்.

மிஷின் அலறியது. சிவப்பு விளக்கு சுழன்றது.

பனியன் கம்பெனியில் தீப்பிடித்தால்கூடப் பதறாதவர்கள் இந்தச் சத்தத்துக்குப் பதறுவார்கள். உடைந்த ஊசித் துண்டு ஒன்று குழந்தைப் பனியனுக்குள் கடல் தாண்டிவிட்டால் ஆர்டரே போய்விடும். ஆகவே மிஷின் கத்தினால் எல்லாத் தையல் மிஷின்களும் நிற்க வேண்டும், எல்லாரும் கூட வேண்டும், முதலாளியே வந்து பெட்டியைத் திறக்க வேண்டும் என்பது அங்கே சட்டம்.

முதலாளி அருள்குமார் பூஜை அறையிலிருந்து அப்படியே வந்தார். நெற்றியில் குங்குமம் இருந்தது. கையில் சாவி இருந்தது. பெட்டிக்குள் மற்றொரு கையை விட்டார். சிவப்புப் பர்ஸ் வெளியே வந்தது.

"இது யாருதுங்க?"

உதவி செய்வதில் எப்போதும் முந்திக்கொள்ளும் சித்ரகலா, "லிங்கசாமி அண்ணன் ஊட்டு அண்ணியிதுங்க சார்" என்றாள்.

"அட, அண்ணி தேடிட்டிருப்பாங்க. ஒரு போன் போட்டுச் சொல்லிருவோம்."

வேண்டாம் என்று லிங்கசாமி கையசைப்பதற்குள் அருள்குமார் தம் செல்போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டார். லிங்கசாமியின் மனைவி செல்லாத்தாளின் குரல் நாற்பது பேருக்கும் தெளிவாகக் கேட்டது.

"பர்ஸுங்களா? எனக்கு ஏதுங்க பர்ஸு? கண்ணாலம் ஆன நாள்ல இருந்து முந்தானைலதான் முடிஞ்சிட்டிருக்கறேன்." குரல் சட்டென்று தாழ்ந்தது. "என்ன கலருங்க?"

"செவப்புங்க."

"அவரை மத்தியானம் சோத்துக்கு வரச் சொல்லுங்க." பாத்திரம் ஒன்று ணங்கென்று வைக்கப்பட்டது. "வேண்டாமுங்க. வர வேண்டாம்னே சொல்லிருங்க."

பெண்கள் பக்கத்தில் ஒரு சிரிப்பு கிளம்பி அடங்கியது. லிங்கசாமிக்கு வேறு வழி இல்லை. கூடை, செருமல், பக்கத்தில் நின்றவர், பணிமனை, ஸ்டிக்கர் என்று ஒன்று விடாமல், நடந்த வரிசைப்படியே சொல்லி முடித்தார். இறுதியில், "தாங்கித்தானுங்க புடிச்சேன்" என்றார்.

அருள்குமார் நல்ல மனிதர். சாவியை இடக்கையிலிருந்து வலக்கைக்கு மாற்றிக்கொண்டார்.

"திருடினவன் டெப்போவுக்கா போன் பண்ணுவான்? எனக்கு உங்க மேல சந்தேகம் இல்லீங்கண்ணா. ஆனா இத்தன பேரு கேட்டுட்டு நிக்கறாங்க. பர்ஸுக்காரம்மா வந்து, 'தவறிப் போனதை எடுத்து வச்சிருந்தாரு, நல்ல மனுசன்'னு ஒரு வார்த்தை சொல்லிட்டாப் போதும். சாவி உங்களுக்குத்தான்."

"அந்தம்மாள எங்கீங்க போய்த் தேடறது?" என்றார் லிங்கசாமி.

சித்ரகலா பர்ஸை உற்றுப் பார்த்தாள். "போன வாரம் வேஸ்ட் செக்சனுக்கு வந்தாங்களே மயிலாக்கா, அவங்க கூடையில இதைப் பாத்தாப்புல இருக்குதுங்க. கூப்புடட்டுங்களா?"

லிங்கசாமியின் முகத்தில் அன்று முதன்முறையாக ரத்தம் ஓடியது.

மயிலாளை அழைத்து வந்தார்கள். தென்னம்பாளையம் சந்தையில் கீரை வாங்கிக்கொண்டு அப்போதுதான் உள்ளே நுழைந்திருந்த அறுபது வயதுக்காரி. உரியவர் முன்னிலையில் திறப்பதே முறை என்று, அருள்குமார் எல்லாரும் காணப் பர்ஸைத் திறந்தார்.

உள்ளே பணம் இல்லை. தாலிக்கொடியும் இல்லை. ரப்பர் வளையம் போட்டுக் கட்டிய பனியன் துணிக் கழிவு ஒரு கட்டும், துருப்பிடித்த நட்டுகள் ஐந்தும் இருந்தன. நாற்பது பேரும் நட்டுகளைப் பார்த்தார்கள். பிறகு லிங்கசாமியைப் பார்த்தார்கள்.

"மயிலாக்கா, இது உங்க பர்ஸுதானுங்களா? பஸ்ஸுல தவற உட்டுட்டீங்களா?" என்றார் அருள்குமார்.

மயிலாளின் முகம் பூரித்துப் போயிற்று.

"தவற உடலீங்க சாமி. பிக்பாக்கெட்காரன் எடுத்து ஏமாறட்டும்னே துணியும் நட்டும் அடைச்சு, கூடையில வெளிய தெரியறாப்புல வச்சுட்டு வர்ற பர்ஸுங்க. ரெண்டு வருசமா ஒருத்தனும் தொடலியேன்னு வெசனமா இருந்துச்சு, இன்னிக்குத்தான் மொத மொதலா ஒரு திருட்டுப்பய எடுத்திருக்கறான். ஆளு யாருங்க, புடிச்சு வச்சிருக்கறீங்களா?"